படித்தவர்கள் சொல்கிறார்கள், மனம் ஒப்பவில்லை

கேள்வி: உப்புவெளிப் பக்கம் இருக்கிறேன். வயது 36. இடியப்பமும் பிட்டும் அவித்து இரண்டு கடைகளுக்கும், சீசன் நேரத்தில் ஒரு கெஸ்ட்ஹவுசுக்கும் கொடுக்கிறேன். என் மச்சாள் ஒரு தன்னம்பிக்கைப் பயிற்சி வகுப்புக்குக் கூட்டிப்போனா. 21 நாள் கண்ணாடிக்கு முன் நின்று "நான் வெற்றி பெற்றவள், பணம் என்னைத் தேடி வருகிறது" என்று சொல்ல வேண்டும் என்றார்கள். சொன்னேன். சொல்லச் சொல்ல மனம் பாரமாகத்தான் ஆனது. வாழ்க்கையில் நடப்பதெல்லாம் நாம் நினைத்து வரவழைத்ததுதான் என்கிறார் பயிற்சியாளர். அது பிழை என்று எனக்குப் படுகிறது, ஏன் என்று சொல்லத் தெரியவில்லை. அப்படிச் சந்தேகப்படுவதுதான் என் தடையாம். "நெகட்டிவாகக் கதைக்கிற" அம்மாவிடமிருந்து தள்ளி இருக்கச் சொல்கிறார். அடுத்த கட்ட வகுப்புக்கு 45,000 ரூபாய். சங்கிலியை அடகு வைக்கலாம் என்கிறா மச்சாள். நான் சாதாரண தரம் வரைதான் படித்தேன். படித்தவர்கள் சொல்வதை விட்டுவிட்டு என் மனம் சொல்வதை நம்பலாமா? இன்னொன்று, கடைக்காரரிடம் விலையைக் கூட்டிக் கேட்கவும் மனம் வேண்டாம் என்றுதான் சொல்கிறது. அதையும் நம்பலாமா?

பதில்: அன்புத் தங்கைக்கு,

சங்கிலியை அடகு வைக்காதீர்கள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றதை ஆறுதலாகப் பேசுவோம்.

மனம் சொல்வதை எப்போதும் நம்பு என்றும் எழுதுகிறார்கள், அதை நம்பவே கூடாது, ஆராய்ச்சியைப் பார் என்றும் எழுதுகிறார்கள். இதைப் பற்றி நீண்ட காலம் எதிரெதிராக நின்ற இரண்டு உளவியலாளர்கள் இருந்தார்கள். டேனியல் கானமன் மனத்தின் கணிப்புகள் எங்கெங்கே சறுக்கும் என்று ஆராய்ந்து நோபல் பரிசு பெற்றவர். கேரி க்ளைன் தீயணைப்புப் படை அதிகாரிகள் ஒரு கணத்தில் எடுக்கும் சரியான முடிவுகளைப் பார்த்து வியந்தவர். 2009இல் இருவரும் சேர்ந்தே ஒரு கட்டுரை எழுதினார்கள். எங்கே ஒரு ஒழுங்கு இருக்கிறதோ, எங்கே நாம் நீண்ட காலம் பழகி, செய்தது சரியா பிழையா என்று உடனுக்குடன் தெரிந்துகொள்கிறோமோ, அங்கே மனம் சொல்வதற்குப் பெறுமதி உண்டு என்று ஒத்துக்கொண்டார்கள். இன்னொன்றிலும் அவர்களுக்கு ஒரே கருத்து: ஒருவர் எவ்வளவு உறுதியாகச் சொல்கிறார் என்பதை வைத்து அவர் சொல்வது சரி என்று எடுக்க முடியாது. மேடையில் மைக் பிடித்துப் பேசுபவருக்கும் இது பொருந்தும்.

இதை விளங்கிக்கொள்ள நீங்கள் உளவியல் படிக்கத் தேவையில்லை. இடியப்பத்துக்கு மா குழைக்கும்போது கொதிநீரை அளந்தா ஊற்றுகிறீர்கள்? ஒவ்வொரு முறை வாங்கும் மாவும் ஒரே அளவு தண்ணீர் கேட்காது என்பது விரலுக்கே தெரிகிறது. தண்ணீர் குறைந்தால் உரலைப் பிடித்து அழுத்தும் கை நோகும், கூடினால் இழை ஒன்றோடொன்று ஒட்டி அவிந்ததும் களியாகிவிடும். பிழை விட்டால் அன்று காலையிலேயே தெரியும், கடைக்காரரும் சொல்லிவிடுவார். இப்படி ஆயிரம் தடவை பதில் கிடைத்துக் கிடைத்து வந்த அறிவு அது. கரைவலைக்காரர் தண்ணீரின் நிறத்தைப் பார்த்து மீன் கூட்டம் வருகிறது என்று சொல்வதும் அதே வகைதான். இதைப் படிப்பில்லாதவரின் ஊகம் என்று யாரும் தள்ள முடியாது.

ஆகவே நீங்கள் கேட்ட கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேளுங்கள். "இந்த விஷயத்தில் என் மனத்துக்கு இதுவரை பதில் கிடைத்திருக்கிறதா?" வகுப்பில் சொன்ன ஒவ்வொன்றையும் இப்படிப் பார்த்தால் போதும்.

"நடப்பதெல்லாம் நாம் நினைத்து வரவழைத்தது" என்றாராம். ஏன் பிழை என்று சொல்லத் தெரியவில்லை என்கிறீர்கள். நான் சொல்கிறேன். நீங்கள் இருப்பது திருகோணமலைக் கரையில். 2004 டிசம்பர் 26ஆம் திகதி காலை கடல் வந்தது. அன்று பிள்ளையைக் கையிலிருந்து பறிகொடுத்த தாய் அதை நினைத்து வரவழைத்தாளா? 2019 ஏப்ரலில் கொழும்பிலும் நீர்கொழும்பிலும் மட்டக்களப்பிலும் குண்டு வெடித்த பிறகு நிலாவெளி, உப்புவெளி ஹோட்டல்கள் வெறிச்சோடின. அடுத்த வருடம் கொரோனா. 2022இல் காஸுக்கும் பெட்ரோலுக்கும் நாள் கணக்கில் வரிசை. இடியப்பம் அவிக்க அடுப்பில் காஸ் இல்லாமல் நின்ற உங்களுக்கு, அது உங்கள் எண்ணத்தால் வந்ததில்லை என்று தெரியாதா? அந்த வசனத்தைக் கேட்டதும் உங்கள் மனம் சுருங்கியது என்றால் காரணம் சந்தேக புத்தி அல்ல. இழந்தவர்களைப் பார்த்து, உன் இழப்புக்கு நீயே பொறுப்பு என்று சொல்லும் வசனம் அது. அதைக் கேட்டுக் கோபம் வராமல் இருந்தால்தான் நான் கவலைப்பட வேண்டும்.

கண்ணாடி விஷயத்திலும் உங்கள் மனம் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. கனடாவில் ஜோவான் வுட் என்ற உளவியலாளரும் சக ஆய்வாளர்களும் 2009இல் இதைச் சோதித்து எழுதினார்கள். "நான் அன்புக்குரியவர்" என்ற வசனத்தைத் தமக்குத் தாமே சொல்லவைத்தபோது, ஏற்கெனவே தன்மேல் நல்ல அபிப்பிராயம் உள்ளவர்களுக்குச் சிறிது நன்மை இருந்தது. தன்னைக் குறைவாக நினைப்பவர்களுக்கோ மனநிலை இன்னும் மோசமானது. யாருக்கு உதவி வேண்டுமோ அவரையே அது கீழே தள்ளுகிறது. வாய் ஒன்றைச் சொல்ல, மனம் "அப்படியா? எங்கே?" என்று உள்ளே எதிர்க்கதை பேசத் தொடங்கிவிடும். உங்களுக்கு வந்த பாரம் அதுவாக இருக்கலாம். அதை விட்டுவிடுவதற்காக வருந்தாதீர்கள்.

அந்த 21 நாள் கணக்கு மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜனிடமிருந்து வந்தது. முகத்தில் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்கள் தங்கள் புது முகத்துக்குப் பழகக் குறைந்தது 21 நாள் அளவில் எடுக்கிறது என்று 1960இல் எழுதினார். காலப்போக்கில் "குறைந்தது" காணாமல் போய், எல்லாப் பழக்கத்துக்கும் 21 நாள் என்றாகிவிட்டது. பிறகு லண்டனில் 96 பேரை வைத்துப் பார்த்தபோது, ஒரு சிறிய பழக்கம் படிய நடுத்தரமாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை மாறியது. இடையில் ஒரு நாள் தவறினாலும் பெரிதாக ஒன்றும் கெட்டுவிடவில்லை. சரி, இது போதும்.

இனி நீங்கள் கவனமாக வாசிக்க வேண்டிய இடம். "சந்தேகம்தான் உன் தடை" என்கிறாரே, அந்த வகுப்பில் என்னை மிகவும் பயமுறுத்துவது அந்த ஒரு வசனம்தான். பலித்தால் பயிற்சியின் பெருமை, பலிக்காவிட்டால் உங்கள் நம்பிக்கைக் குறைவு என்றால், எது நடந்தாலும் பயிற்சி பிழை என்று ஆகவே ஆகாது. மா களியானால் தண்ணீர் கூடிவிட்டது என்று கற்றுக்கொள்கிறீர்கள். இங்கே அப்படிக் கற்றுக்கொள்ள ஒரு வழியும் விடவில்லை. அதோடு, உங்களுக்கு உண்மையைச் சொல்லக்கூடிய ஆட்களிடமிருந்தும் விலகச் சொல்கிறார். அடுத்த முறை கண்டால் இதை மட்டும் மரியாதையாகக் கேளுங்கள்: "என்ன நடந்தால் இந்த முறை எனக்குச் சரிவராது என்று நீங்கள் ஒத்துக்கொள்வீர்கள்?" நேர்மையான ஆசிரியர் யோசித்து ஒரு பதில் சொல்வார். "பார், மறுபடியும் சந்தேகம்" என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

உங்கள் அம்மா நெகட்டிவாக என்ன சொல்கிறார் என்று நீங்கள் எழுதவில்லை. கடன் எடுக்காதே, சீசன் முடியப்போகிறது, மாரிக்குக் கையில் காசு வேண்டும் என்பது மாதிரித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். ஒக்டோபருக்குப் பிறகு மழை பிடித்தால் இந்தப் பக்கம் வெளிநாட்டுக்காரர் வரத்து குறையும், கடலும் கொந்தளிக்கும், கடைகளில் வியாபாரம் படுக்கும். அதை எத்தனை வருடம் பார்த்தவர் அவர். அந்தப் பேச்சு கேட்க இனிமையாக இருக்காது. ஆனால் அந்த அறிவு உங்கள் வீட்டிலேயே, காசு வாங்காமல் கிடைக்கிறது.

மச்சாளோடு பகைக்க வேண்டாம். அந்த வகுப்பால் அவவுக்கு ஏதோ ஒரு தெம்பு கிடைத்திருக்கலாம். நாலு பெண்கள் வீட்டை விட்டு வெளியே வந்து ஒன்றாக இருந்து கதைப்பதே பலருக்கு மருந்து, அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். "மச்சாள், இப்ப எனக்கு ஏலாது, மாரி முடியட்டும் பார்ப்பம்" என்று சொல்லுங்கள். விளக்கம் கொடுக்கப் போனால் வாதமாகும்.

இவ்வளவு சொன்ன பிறகு, மனத்தை அப்படியே நம்பிவிடவும் நான் விடமாட்டேன். ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டால் அது உண்மை மாதிரியே தோன்றத் தொடங்கும். 1977இலேயே அமெரிக்க ஆய்வாளர்கள் இதைக் காட்டிவிட்டார்கள். மெய்யோ பொய்யோ, முன்பு கேட்ட வசனத்தை மக்கள் கூட நம்பினார்கள். வட்ஸ்அப் குழுவில் காலையில் ஒரே மாதிரி வாசகங்கள் வந்து விழுந்தால் கொஞ்சநாளில் உங்களுக்கும் அவை சரி என்று படும். குழுவைச் சத்தமில்லாமல் வைத்துவிடுங்கள்.

நம் வீட்டில் கேட்டு வளர்ந்த வசனங்களும் அப்படித்தான் மனத்தில் குடியேறுகின்றன. காசு விஷயம் பெண் வாய் திறந்து கதைக்கக்கூடாது, கேட்டால் உள்ளதும் போய்விடும் என்று எத்தனை தடவை கேட்டிருப்பீர்கள்! விலை கூட்டிக் கேட்காதே என்று உங்கள் மனம் சொல்கிறதே, அது அங்கிருந்து வந்தது என்றே எனக்குப் படுகிறது. ஏனென்றால் உங்கள் கடிதத்தைப் பார்த்தால் நீங்கள் ஒரு தடவைகூடக் கேட்டுப் பார்த்ததாகத் தெரியவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் கிடைத்திருக்காது. மாவைப் பற்றி உங்கள் விரலுக்குத் தெரியும். கடைக்காரர் என்ன சொல்வார் என்று உங்கள் மனத்துக்கு இன்னும் தெரியாது, அது பயப்படுகிறது, அவ்வளவுதான். பயப்படுவது குற்றமில்லை. அதை அனுபவம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஒரு சின்னக் கொப்பி வாங்குங்கள். அரிசி மா, தேங்காய், காஸ் மூன்றுக்கும் போன வருடம் கொடுத்த விலையையும் இப்போதைய விலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். அதன் கீழே, கடைக்காரர் என்ன சொல்வார் என்று உங்கள் மனம் நினைப்பதையும் ஒளிக்காமல் எழுதுங்கள். பிறகு இரண்டு கடைகளில் உங்களோடு நல்லாகக் கதைக்கிற கடைக்காரரிடம் மட்டும், காலை நெரிசல் முடிந்த நேரம் பார்த்துப் போங்கள். "அண்ணை, மா விலை இப்படி ஏறியிருக்கு, வாற மாசத்திலிருந்து இடியப்பத்துக்கு இவ்வளவு வேணும்" என்று கணக்கைக் காட்டிக் கேளுங்கள். அவர் முழுதாக ஒத்துக்கொள்ளலாம், பாதிக்கு இறங்கலாம், மறுக்கவும் கூடும். எதைச் சொன்னாலும் வீட்டுக்கு வந்து, நினைத்ததற்குப் பக்கத்தில் நடந்ததை எழுதிவிட்டு, அடுத்த கிழமை மற்றக் கடைக்குப் போங்கள்.