பைதான் ஓடவில்லையா? போர்மட் வேண்டாம்

கேள்வி: சுன்னாகத்திலிருந்து எழுதுகிறேன். மகள் உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிக்கிறாள். பாரிஸில் இருக்கும் மாமா தான் பாவித்த மடிக்கணினியை அவளுக்கு அனுப்பியிருந்தார். பைதான் என்ற நிரல் மொழியை அதன் இணையத்தளத்திலிருந்து எடுத்து நிறுவினோம். ஆனால் ரியூசன் ஆசிரியர் சொன்னபடி, கட்டளைகளைத் தட்டும் கறுப்புத் திரையில் ('கமாண்ட் புரொம்ப்ட்') 'பைதான்' என்று தட்டினால் மைக்ரோசொப்ட் ஸ்டோர்தான் திறக்கிறது. நகரில் ஒரு கடையில் காட்டினோம். வின்டோஸ் பழுது, போர்மட் செய்து புதிதாகப் போட வேண்டும், 6,500 ரூபாய் என்றார்கள். மெமரியும் கூட்ட வேண்டுமாம். யோசித்துச் சொல்கிறோம் என்று எடுத்துவந்துவிட்டோம். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் வின்டோஸில் எந்தப் பழுதும் இல்லை. பைதானும் அநேகமாகச் சரியாகத்தான் நிறுவப்பட்டிருக்கிறது. அது எங்கே இருக்கிறது என்பது வின்டோஸுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

முதலில் ஒரு சோதனை. அதே கறுப்புத் திரையில் முழுப் பெயரையும் தட்டாமல், அதன் முதல் இரண்டு ஆங்கில எழுத்துகளான 'பி', 'வை' ஆகியவற்றை மட்டும் தட்டி என்டரை அழுத்தச் சொல்லுங்கள். ஒரு பதிப்பு எண்ணும் அதன் கீழே >>> என்ற குறியும் வந்தால் பைதான் உயிரோடு இருக்கிறது. கன்ட்ரோல் விசையைப் பிடித்தபடி இசட்டை அழுத்தி, பிறகு என்டரை அழுத்தினால் வெளியே வரலாம். இனிமேல் ஆசிரியர் 'பைதான்' என்று சொல்லும் இடமெல்லாம் மகள் இந்த இரண்டெழுத்தைத் தட்டினால் போதும். ஒரு சதமும் செலவில்லை. விஷயத்தை இத்தோடு முடித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

முழுப்பெயரும் வேலை செய்ய வேண்டுமென்றால் காரணத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். நாம் ஒரு பெயரைத் தட்டியதும் வின்டோஸ் கணினி முழுவதையும் அலசுவதில்லை. எந்தெந்த ஒழுங்கைக்குள் போய்த் தேட வேண்டும் என்று அதனிடம் ஒரு பட்டியல் இருக்கிறது. வரிசைப்படி போகும், அந்தப் பெயர்ப்பலகை தொங்கும் முதல் வீட்டுக் கதவைத் தட்டும், அதற்குமேல் தேடாது. 'பாத்' என்று ஆசிரியர் சொல்வது இந்தப் பட்டியலைத்தான். 2019 மே மாத வின்டோஸ் 10 புதுப்பிப்பிலிருந்து மைக்ரோசொப்ட் நிறுவனம் அந்த ஒழுங்கைகளில் ஒன்றில் 'பைதான்' என்ற பெயரில் ஓர் ஆளில்லா வீட்டை வைத்திருக்கிறது. அந்தக் கோப்பின் அளவு பூச்சியம் பைட். தட்டினால் ஸ்டோருக்கு வழிகாட்டும், வேறொன்றும் செய்யாது. உதவி செய்வதாக நினைத்து வைத்தது, பிள்ளைகளின் தலையில் விடிகிறது.

உண்மையான பைதானின் இடம் அந்தப் பட்டியலில் ஏன் இல்லை? நிறுவும்போது வந்த முதல் திரையின் அடியில், பட்டியலில் சேர்க்கவா என்று கேட்கும் ஒரு சிறிய பெட்டி இருந்திருக்கும். அது தானாகச் சரியிடப்பட்டிருப்பதில்லை. மேலே பெரிதாக இருக்கும் 'இன்ஸ்டோல் நவ்' என்பதைத்தான் எல்லோரும் அழுத்துகிறார்கள். யாரும் சொல்லித்தராதபோது அந்தப் பெட்டி எப்படிக் கண்ணில் படும்? சாதாரண தரத்தில் பாஸ்கல் மொழி, உயர்தரத்தில் பைதான், இரண்டிலும் நிரலைப் பரீட்சைத் தாளில் பேனாவால் எழுத வேண்டும். ஒரு மென்பொருளை நிறுவுவது எப்படி, பிழைச் செய்தியை வாசிப்பது எப்படி என்பதற்குப் புள்ளி கிடையாது. புள்ளி இல்லாததை வகுப்பில் எவர் தொடப்போகிறார்? வேலைக்குப் போகும் முதல் நாளிலேயே தேவைப்படும் அறிவை இப்படி கடைக்காரரிடம் விட்டுவைத்திருக்கிறோம்.

திருத்துவது இப்படி. வின்டோஸ் செட்டிங்ஸில் 'ஆப்ஸ்' பகுதிக்குள் 'ஆப் எக்ஸிகியூஷன் அலியாசஸ்' என்ற பக்கம் இருக்கிறது. அங்கே பைதானின் பெயரில் இருக்கும் இரண்டு ஆளிகளையும் அணைத்துவிடுங்கள். பிறகு, பைதானை நிறுவப் பயன்படுத்திய அதே கோப்பை மீண்டும் திறந்து 'மொடிபை' என்பதை அழுத்தி, அடுத்த திரையையும் தாண்டி, 'என்விரோன்மென்ட் வேரியபிள்ஸ்' என்று முடியும் வரியைச் சரியிடுங்கள். கடைசியாக, திறந்திருக்கும் கறுப்புத் திரையை மூடிவிட்டுப் புதிதாக ஒன்றைத் திறக்க வேண்டும். பழைய திரை பழைய பட்டியலையே வைத்துக்கொண்டிருக்கும். எல்லாம் செய்தும் சரிவரவில்லை என்று வருகிறவர்களில் பலர் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான்.

யூடியூபில் இதே பிரச்சினைக்கு 'செட்எக்ஸ்' என்ற ஒற்றை வரிக் கட்டளையைக் கொடுப்பார்கள். தொடாதீர்கள். பட்டியல் 1,024 எழுத்துகளைத் தாண்டினால் மீதியை அது வெட்டி எறிந்துவிடும். பைதான் ஓடும், நேற்றுவரை ஓடிய வேறு மென்பொருட்கள் காணாமல் போகும். அப்போது உண்மையிலேயே கடைக்குப் போக வேண்டிவரும்.

இனி அந்தக் கடை. நம் ஊரில் கணினிக்கு என்ன வருத்தம் வந்தாலும் போர்மட் என்ற ஒரே கசாயத்தைக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். காரணத்தைத் தேட நேரம் செலவாகும், போர்மட் தானாக ஓடும், இரண்டுக்கும் ஒரே காசு. மகளின் கோப்புகளும் படங்களும் போய்விடும் என்பது ஒரு பக்கம். அதைவிடப் பெரிய நட்டம் ஒன்று இருக்கிறது. வின்டோஸ் 8 காலத்திலிருந்து, வின்டோஸுடன் விற்கப்பட்ட மடிக்கணினிகளில் அந்த உரிமத்தின் சாவி தாய்ப்பலகையிலேயே பதிக்கப்பட்டிருக்கிறது. மாமா வாங்கியபோதே அதற்கும் சேர்த்துத்தான் பணம் கொடுத்தார். அதோடு வந்த அதே பதிப்பைப் (பெரும்பாலும் 'ஹோம்') போட்டால் இணையத்தில் இணைந்ததும் தானாகச் செயற்படும். ஆனால் இப்படிப்பட்ட கடையின் பென்டிரைவில் இருப்பது அநேகமாகத் திருட்டு 'புரோ' பதிப்பு. அதைச் செயற்படவைக்க, நச்சுநிரல் காவலை அணைத்துவிட்டு ஒரு சிறிய மென்பொருளை ஓடவிடுவார்கள். அந்த மென்பொருளை யார் எழுதினார், அது உள்ளே இருந்து வேறு என்ன செய்கிறது என்று கடைக்காரருக்கும் தெரியாது. அந்தக் கணினியில்தான் பிறகு நீங்கள் வங்கிக் கணக்கைத் திறப்பீர்கள். காசு கொடுத்து வாங்கிய அசலை அழித்துவிட்டுத் திருட்டுப் பிரதியைப் போட இன்னும் 6,500 ரூபாயா? எனக்கு வாயில் வேறு சொற்கள் வருகின்றன.

மடிக்கணினி பிரான்ஸிலிருந்து வந்தது என்பதால் இன்னொன்றைச் சொல்லாமல் விடமுடியாது. அதன் விசைப்பலகையில் மேல்வரிசை க்யூவில் தொடங்காமல் ஏயில் தொடங்குகிறதா என்று பாருங்கள். அப்படியானால் அது பிரெஞ்சு விசைப்பலகை. அதில் இலக்கம் தட்ட ஷிப்ட் வேண்டும், முற்றுப்புள்ளிக்கும் ஷிப்ட் வேண்டும். 5 என்ற விசையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். சும்மா அழுத்தினால் சாதாரண அடைப்பு வரும், ஷிப்டுடன் அழுத்தினால்தான் 5 வரும், வலப்பக்க ஆல்ட் விசையுடன் அழுத்தினால் சதுர அடைப்பு வரும். பைதானில் சாதாரண அடைப்பும் சதுர அடைப்பும் ஒன்றல்ல. பிள்ளை ஒன்றுக்கு மற்றதைத் தட்டிவிட்டு மொழியையே குறை சொல்லும். வின்டோஸில் அமெரிக்க ஆங்கில அமைப்பைச் சேர்த்து, வின்டோஸ் விசையுடன் இடைவெளி விசையை அழுத்தி மாற்றலாம். ஆனால் அப்போது விசையில் அச்சிட்டிருப்பது ஒன்று, திரையில் விழுவது இன்னொன்று. எம் என்று எழுதிய விசையை அழுத்தினால் அரைப்புள்ளி விழும், ஏயை அழுத்தினால் க்யூ விழும். ஆகவே அமைப்பை மாற்றும்போதே விசைகளின்மேல் ஒட்டும் ஆங்கில எழுத்து ஒட்டிகளையும் வாங்கி ஒட்டிவிடுங்கள். அல்லது யூஎஸ்பி விசைப்பலகை ஒன்றை வாங்கிச் செருகுங்கள். திரையில் மெனுக்கள் பிரெஞ்சில் வந்தால் அதற்கும் போர்மட் வேண்டும் என்பார்கள், நம்பாதீர்கள். செட்டிங்ஸில் மொழிப் பகுதிக்குப் போய் ஆங்கிலத்தைச் சேர்த்துக் காட்சி மொழியாகத் தெரிவுசெய்தால் போதும். கொஞ்சம் டேட்டா செலவாகும், அவ்வளவுதான்.

அடுத்ததாக மகள் முட்டப்போகும் சுவரையும் சொல்லிவிடுகிறேன். ஆசிரியர் ஏதாவது ஒரு மேலதிகத் தொகுதியை, பைதானுக்குத் தொகுதிகளை நிறுவும் 'பிப்' என்ற கருவி மூலம் நிறுவச் சொல்வார். நிறுவிவிட்டேன் என்று கறுப்புத் திரை சொல்லும், அப்படி ஒன்று இல்லையே என்று நிரல் சொல்லும். கணினியில் இரண்டு பைதான்கள் இருந்து, ஒன்றில் நிறுவி மற்றதில் ஓடவிடுவதுதான் பெரும்பாலும் காரணம். முன்பு சொன்ன இரண்டெழுத்தைத் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, சிறு கோடும் எம் எழுத்தும் தட்டி, இன்னோர் இடைவெளிக்குப் பிறகு பிப் கட்டளையை எழுதினால் அந்த இரண்டெழுத்து திறக்கும் அதே பைதானுக்குள் தொகுதி போய்ச் சேரும். நிரல் எழுத விஎஸ் கோட் என்ற மென்பொருளைப் பாவித்தால் திரையின் வலப்பக்க அடியில் தெரியும் பதிப்பு எண்ணை அழுத்தி அதே பைதானைத் தெரிவுசெய்ய வேண்டும்.

மெமரியைப் பற்றி: உயர்தரப் பாடத்துக்கு எழுதும் நிரல்களுக்கு 4 ஜிபி தாராளம். இருப்பது எவ்வளவு என்பதைச் செட்டிங்ஸில் 'சிஸ்டம்' பகுதியின் 'அபவுட்' பக்கத்தில் பார்த்துக் குறித்து வையுங்கள். பிற்காலத்தில் எந்தக் கடையில் எதற்காக விட்டாலும், எடுத்துவரும்போது அதே பக்கத்தைக் கடைக்காரரின் முன்னாலேயே திறந்து, அதே எண் இருக்கிறதா என்று பார்த்த பிறகு காசைக் கொடுங்கள்.