ஒரே தாளில் நட்சத்திரங்கள்: காகித மடிப்புக் கேள்வி பதில்

போன கிழமை நான் மடித்த நட்சத்திர வடிவத்தின் படத்தைப் பகிர்ந்ததும் கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே விஷயத்தைக் கேட்டவர்களை ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

வெள்ளவத்தையிலிருந்து ஒரு அம்மா: தங்கச்சி, யன்னல் வெளிச்சத்தில் தெரியும் அந்த நட்சத்திரங்களை வெட்டி ஒட்டினீர்களா?

இல்லை அக்கா, ஒரே தாள்தான். கத்தரிக்கோலும் படவில்லை, பசையும் படவில்லை. தாள் ஒற்றையாக இருக்கும் இடத்தில் வெளிச்சம் ஊடுருவும். மடிந்து மூன்று படையாகக் கிடக்கும் இடம் கறுத்துத் தெரியும். நீங்கள் பார்த்த கோலம் முழுக்க அந்த வித்தியாசத்தால் வந்தது.

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு தம்பி: அக்கா, இதற்கு ஜப்பான் பேப்பர்தான் வாங்க வேண்டுமா?

தேவையில்லை தம்பி. சாதாரண 80 ஜிஎஸ்எம் ஏ4 தாளில் தொடங்குங்கள். அது 210க்கு 297 மில்லிமீட்டர். நீளப் பக்கத்தில் 87 மில்லிமீட்டரை வெட்டிவிட்டால் சதுரம் கிடைக்கும். கை பழகினதும் கொப்பிக்கு உறை போடும் பிரவுண் பேப்பருக்குப் போங்கள். அதன் நார் நீளமானது, முன்னும் பின்னும் மடித்தாலும் இலகுவில் கிழியாது. புறக்கோட்டை மலிபன் வீதிக் கடைகளில் பெரிய தாளாகக் கேட்டு வாங்கலாம். ஒரு பக்கம் மட்டும் நிறம் பூசின தாள் வேண்டாம், மடிப்புக் கோடெல்லாம் வெள்ளையாகத் தெரியும்.

கொழும்பில் இருக்கிறவர்கள் ஈரத்தையும் கவனிக்க வேண்டும். தாள் ஈரத்தை இழுத்தால் நாருக்குக் குறுக்கே கூடுதலாக விரியும். காலையில் வெட்டின சதுரம், மழை பெய்த பின்னேரத்தில் சரியான சதுரமாக இருக்காது. வெட்டின கையோடு கட்டத்தையும், அதாவது தாள் முழுக்கக் குறுக்கும் நெடுக்கும் ஓடும் மடிப்புக் கோடுகளையும், மடித்துவிடுங்கள். மிச்சத் தாளை பொலித்தீன் பைக்குள் கட்டி வையுங்கள்.

தெஹிவளையிலிருந்து ஒருவர், இன்னும் பலர்: கட்டம் போடும்போதே கோணிவிடுகிறது. எப்படியோ போட்டு முடித்தாலும், நடுவைத் திருப்பி அமுக்கும்போது எல்லாம் கசங்கிவிடுகிறது. எங்கே பிழை?

அதிகம் பேர் கைவிடுவது இந்த இடத்தில்தான், அதனால் ஆறுதலாகச் சொல்கிறேன். புள்ளிக் கோலத்துக்குப் புள்ளி எப்படியோ, இதற்குக் கட்டம் அப்படி. என் நேரத்தில் பாதிக்கு மேல் கட்டத்துக்கே போகிறது, அதை நான் ஒருநாளும் வீண் என்று நினைத்ததில்லை.

தாளை இரண்டாக, நாலாக, எட்டாக மடித்துக்கொண்டே போய்க் கடைசியில் விரிக்காதீர்கள். படை கூடக்கூட உள்ளே இருக்கும் கோடு விலகும். ஒவ்வொரு மடிப்புக்கும் பிறகு விரியுங்கள். எட்டுப் பிரிவு வந்தபின் 16 ஆக்க வேண்டுமானால், தாளின் ஓரத்தை 1ஆம், 3ஆம், 5ஆம், 7ஆம் கோடுகளுக்குக் கொண்டுபோய் மடியுங்கள். பிறகு எதிர் ஓரத்திலிருந்தும், மற்ற இரண்டு ஓரங்களிலிருந்தும் அதையே செய்யுங்கள். இரட்டைப்படைக் கோட்டுக்குக் கொண்டுபோனால் ஏற்கெனவே இருக்கும் கோட்டின் மேல்தான் விழும். அப்புறம் தாளைத் திருப்பி, எல்லாக் கோட்டையும் மறுபக்கமாகவும் ஒருமுறை மடித்துவிடுங்கள். இதைச் செய்யாதபடியால்தான் பலருக்குக் கசங்குகிறது. 16இல் ஒரு கட்டம் 13 மில்லிமீட்டர் வரும், விரலுக்கு அடங்கும். 32 பிறகு பார்க்கலாம்.

இனி முறுக்கு, அதாவது நீங்கள் கேட்ட நடுவைத் திருப்பும் வேலை. நாலு கட்டம் சந்திக்கும் ஒரு புள்ளியை எடுங்கள். அதைச் சுற்றியுள்ள நாலு கட்டத்திலும் ஒவ்வொரு மூலைவிட்டம் போட்டால் சாய்ந்த சதுரம் ஒன்று வரும். அந்த நாலு பக்கமும் மலை மடிப்பு, அதாவது மேலே எழும்பி நிற்பது. சதுரத்தின் ஒவ்வொரு மூலையிலிருந்தும் இரண்டு கோடுகள் தாளின் ஓரம்வரை ஓடும். ஒன்று மலை, மற்றது பள்ளம், அதாவது கீழே இறங்குவது. நாலு திசை மடிப்பையும் கிள்ளித் தூக்கிக்கொண்டு, நடுச் சதுரத்தைப் பெருவிரலால் மெதுவாகத் திருப்புங்கள். கோடுகள் சரியென்றால் அது தானாகவே தட்டையாகப் படியும். பலம் தேவைப்பட்டால் எங்கோ ஒரு கோடு தலைகீழாக இருக்கிறது. அமுக்காமல் விரித்துப் பாருங்கள். பக்கத்து முறுக்கு எதிர்ப்பக்கமாகச் சுழல வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

பம்பலப்பிட்டியிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர்: பிள்ளை, நான் கணிதம் படிப்பித்தவன். இதற்குள் கணக்கு இருக்கிறதா?

நிறைய இருக்கிறது சேர். தட்டையாக மடிந்த தாளில், உள்ளே கோடுகள் கூடும் எந்தச் சந்தியை எடுத்தாலும் மலைக் கோடுகளின் எண்ணிக்கைக்கும் பள்ளக் கோடுகளின் எண்ணிக்கைக்கும் வித்தியாசம் எப்போதும் 2. நாலு கோடு என்றால் 3க்கு 1. இது ஜுன் மேக்காவாவின் பெயரால் வழங்கும் தேற்றம். அந்தச் சந்தியில் ஒன்றுவிட்டு ஒன்றாகக் கோணங்களைக் கூட்டினால் 180 பாகை வரும். இது கவசாகி தேற்றம். மேலே சொன்ன முறுக்கில் சதுரத்தின் ஒவ்வொரு மூலையிலும் கோணங்கள் 90, 45, 90, 135. கூட்டிப் பாருங்கள் சேர், சரியாக வரும். கோர்யோ மியூரா என்ற ஜப்பானிய விண்வெளிப் பொறியியலாளர் கண்ட மடிப்பில் 1995இல் ஜப்பான் ஒரு சூரியத் தகட்டையே விண்வெளிக்கு அனுப்பி விரித்தது.

மட்டக்குளியிலிருந்து ஒரு தங்கை: நான் மடித்ததை இன்ஸ்டகிராமில் போடலாமா? யாரோ ஏற்கெனவே கண்டுபிடித்த வடிவமாக இருந்தால்?

தாராளமாகப் போடுங்கள். யாரின் வடிவம் என்று தெரிந்தால் பெயரை முதல் வரியிலேயே எழுதுங்கள். அடுக்கடுக்கான ஹைட்ரேஞ்சியாப் பூ வடிவம் ஷுசோ ஃபுஜிமோட்டோவுடையது. அவர் ஜப்பானில் பாடசாலை ஆசிரியராக இருந்தவர். நீங்களே கண்ட வடிவம் என்றால் "நானாக மடித்துக் கண்டது" என்று போடுங்கள், "உலகில் முதல்" என்று வேண்டாம். ஒரே கட்டத்தில் விளையாடும் இரண்டு பேர் ஒரே வடிவத்துக்கு வந்து சேர்வது நடக்கிற காரியம். என் வடிவம் ஒன்றை ஒருவர் தன்னுடையது என்று போட்டபோது உண்மையில் மனம் நொந்தது. அதற்குப் பிறகு விரித்த தாளின் மடிப்புக் கோடுகளையும் சேர்த்தே பகிர்கிறேன். பார்ப்பவர்களுக்கும் மடிக்க வழி கிடைக்கிறது.

கிராண்ட்பாஸிலிருந்து ஒருவர்: வெசாக் பண்டிகைக்குக் கட்டும் காகித விளக்குக் கூட்டுக்கு இதைப் பாவிக்கலாமா?

அருமையாக இருக்கும். திசு பேப்பர் மடிப்பைத் தாங்காது, ட்ரேசிங் பேப்பர் எடுங்கள். மெழுகுதிரி வேண்டாம், சிறிய எல்இடி போதும். முக்கியமாக, மடித்தால் தாள் சுருங்கும். ஒரு கட்ட அகல மடிப்பு ஒவ்வொன்றும் இரண்டு கட்டத்தை விழுங்கும். 16 கட்டத் தாளில் அப்படி இரண்டு ஓடினால் 12தான் மிஞ்சும், 210 மில்லிமீட்டர் ஏறத்தாழ 157 ஆகிவிடும். ஆகவே தாளை மடித்து முடித்து, அளந்து பார்த்த பிறகு கூட்டுச் சட்டத்துக்கான மூங்கிலை வெட்டுங்கள்.