ஆராதனையிலும் வேலைதானா?

கேள்வி: முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்புப் பணியில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சபையில் பாடகர் குழு, ஞாயிறு பள்ளி, திருவிருந்து மேசை ஆயத்தம் என்று எல்லாவற்றிலும் என் பெயர் இருக்கும். கடந்த ஒரு வருடமாக, ஆராதனை முடிந்து வீட்டுக்கு வரும்போது போனதைவிட அதிகச் சோர்வோடுதான் வருகிறேன். பாடுகிறேன், உள்ளே ஒன்றும் அசைவதில்லை. அதிகாலை ஜெபத்தில் தூங்கிப்போகிறேன். விசுவாசம் குறைந்துவிட்டதோ என்று பயமாக இருக்கிறது. ஆராதனையில் மறுபடி பெலன் பெற நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: அன்புச் சகோதரி, உங்கள் விசுவாசத்தைச் சந்தேகிக்க இந்தக் கடிதத்தில் ஒன்றும் இல்லை. ஆறு நாள் பிறரைக் கவனித்துவிட்டு, ஏழாம் நாளும் அதையே வேறு உடையில் செய்கிறீர்கள். ஆராதனை நடக்கும் இடத்தில் இருக்கிறீர்களே தவிர, ஆராதிக்க உங்களுக்கு நேரம் கிடைக்கவில்லை. அடுத்த பாட்டு எது, திருவிருந்துக்குத் திராட்சரசம் ஊற்றியாயிற்றா, பிள்ளைகளுக்கு வகுப்பறை திறந்திருக்கிறதா என்று ஓடும் மனம் வேறெதையும் வாங்கிக்கொள்ளாது.

யோவான் 13ஆம் அதிகாரத்தை இந்த வாரம் மெதுவாக வாசியுங்கள். சேவைக்கு முன்மாதிரி என்று எல்லோரும் காட்டும் பகுதி அது. ஆனால் அங்கே முதலில் நடப்பது, சீஷர்கள் உட்கார்ந்து தங்கள் கால்களை இயேசு கழுவக் கொடுப்பது. பேதுருவுக்கு அதுதான் முடியவில்லை. "நான் உன்னைக் கழுவாவிட்டால் என்னிடத்தில் உனக்குப் பங்கில்லை" என்ற பதிலைக் கேட்ட பிறகே இணங்கினார். நாளெல்லாம் பிறர் கால் கழுவுகிறவர்களுக்குத் தங்கள் காலை நீட்டுவது பெரும் சங்கடம். உங்களுக்கு இப்போது வேண்டியது அந்தப் பழக்கம்தான் என்பது எங்கள் எண்ணம்.

முதல் வேலை, நான்கு ஞாயிறுகளில் ஒன்றையாவது எந்தப் பொறுப்பும் இல்லாத ஞாயிறாக ஒதுக்குவது. இதில் குற்றவுணர்வு வேண்டாம். எருசலேம் ஆலயத்தின் ஆசாரியர்களே 24 வகுப்புகளாகப் பிரிந்து முறைவைத்துத்தான் பணிசெய்தார்கள் (1 நாளாகமம் 24). யோவான் ஸ்நானகனின் தந்தையான ஆசாரியர் சகரியா தன் முறை முடிந்ததும் வீட்டுக்குப் போனதாக லூக்கா எழுதுகிறார். ஆலயப் பணிக்கென்று ஒதுக்கப்பட்ட கோத்திரத்தாரான லேவியர் 50 வயதில் திருப்பணி வேலையிலிருந்து விடுபட வேண்டும் என்பது எண்ணாகமம் 8இல் சட்டமாகவே இருக்கிறது.

அந்த ஞாயிறு கெட்டுப்போகும் விதங்களும் உண்டு. வழக்கமான இடத்திலேயே உட்கார்ந்தால் கண் தானாக ஒலிபெருக்கியையும் காலி நாற்காலியையும் தேடும். யாராவது வந்து அலமாரிச் சாவி கேட்பார்கள். சாவியைச் சனிக்கிழமையே கொடுத்துவிடுங்கள். பதினைந்து நிமிடம் முன்னதாகப் போய், வேறு பக்கத்தில், நடுவரிசையில் உட்காருங்கள். கைபேசி வீட்டிலேயே இருக்கட்டும். முதல் ஓரிரு முறை எரிச்சலோ அழுகையோ தூக்கமோ வரலாம். நெடுநாள் அடக்கி வைத்தது வெளியே வருகிறது, அவ்வளவுதான். "இன்று தேவன் என்னைத் தொட்டாரா?" என்று உங்களையே சோதித்துக்கொண்டிருக்காதீர்கள். உணர்ச்சி வந்தால் வரட்டும், வராவிட்டால் ஆராதனை வீணாகிவிடாது.

ஆராதனையின் ஒவ்வொரு பகுதியிலும் நீங்கள் செய்ய வேண்டியது வேறு. பாவ அறிக்கையில், பொதுவாக "நான் பாவி" என்று கடந்துபோகாமல், அந்த வாரத்தின் ஒரு குறிப்பிட்ட காரியத்தைச் சொல்லுங்கள்: மூன்றாம் முறை மணியடித்த பாட்டியிடம் பேசிய கடுமையான வார்த்தை, உணவூட்டும்போது காட்டிய அவசரம். அதன்பின் வரும் பாவமன்னிப்பின் வார்த்தையை அந்த ஒரு காரியத்துக்கே வந்ததாகக் கேளுங்கள். பராமரிப்பவர்களைத் தின்பது பல நேரம் வேலைப்பளுவைவிட இந்தச் சொல்லப்படாத சிறு குற்றவுணர்வுகள்தான். பிரசங்கத்தின்போது குறிப்பேட்டை மூடிவையுங்கள், ஞாயிறு பள்ளிக்குப் பாடம் தேடும் கண் உங்களுக்கு வந்த வசனத்தைத் தவறவிடும். பாட முடியாவிட்டால் பாட வேண்டாம். சபை பாடுவதைக் கேட்டுக்கொண்டு நிற்பதும் ஆராதனையே. திருவிருந்தில் அப்பத்தை வாங்க வெறுங்கையை நீட்டுகிறோம், கொடுக்க அங்கே ஒன்றுமில்லை. அந்தக் கையை ஒரு கணம் பாருங்கள், வாரமெல்லாம் மற்றவர்களைத் தூக்கிய கை அது. கடைசி ஆசீர்வாதம் முடியும்வரை எழுந்து நாற்காலி அடுக்கப் போகாதீர்கள்.

வாரநாள் ஜெபத்துக்கு வருவோம். இரவுப் பணி முடித்து வந்தவர் அதிகாலை நான்கு மணிக்கு முழங்காலில் தூங்குவது இயல்பு. நேரத்தை மாற்றுங்கள், நீளத்தைக் குறையுங்கள். இதற்கு 6ஆம் நூற்றாண்டின் நல்ல முன்மாதிரி ஒன்று உண்டு. நூர்சியாவின் பெனடிக்ட் துறவு மடங்களுக்கு எழுதிய ஒழுங்கில், சகோதரர்கள் வாரம் ஒருவராகச் சமையலறை வேலை செய்வார்கள். முறை முடிப்பவர் சனிக்கிழமை இடத்தைச் சுத்தம் செய்து, துண்டுகளைத் துவைத்து, பாத்திரங்களைக் குறைவில்லாமல் ஒப்படைப்பார். ஞாயிறு காலை ஜெபம் முடிந்ததும், முடிப்பவரும் தொடங்குபவரும் எல்லோர் முன்பும் பணிந்து, தங்களுக்காக ஜெபிக்கக் கேட்பார்கள். முடிப்பவர், தனக்கு உதவிசெய்து தேற்றிய தேவனுக்கு மூன்று முறை ஸ்தோத்திரம் சொல்வார். தொடங்குபவர் மூன்று முறை சொல்வது சங்கீதம் 70:1: "தேவனே, என்னை விடுவியும், கர்த்தாவே, எனக்குச் சகாயஞ்செய்யத் தீவிரியும்." பரிமாறுகிறவர்கள் முணுமுணுப்பில்லாமல் வேலைசெய்ய, சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே அவர்களுக்குக் கூடுதலாக அப்பமும் பானமும் கொடுக்க வேண்டும் என்றும் அங்கே எழுதியிருக்கிறது. பரிமாறுகிறவரின் பசியை நினைத்துப் பார்த்த அந்த அக்கறை நம் சபைகளுக்கும் வேண்டும்.

அதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். பணி தொடங்கக் கைகழுவும்போது அந்த வசனத்தை மூன்று முறை சொல்லுங்கள். முடிக்கும்போது கைகழுவுகையில், அன்று கிடைத்த உதவி ஒன்றைப் பெயர் சொல்லி நன்றி சொல்லுங்கள். பிறகு மிகவும் கவலையாக இருக்கும் ஒருவர் அல்லது இருவரின் பெயரைச் சொல்லி "இனி இவர்கள் உம்முடைய கையில்" என்று விட்டுவிடுங்கள். இரண்டு நிமிடம் போதும். இருபது பெயர்ப் பட்டியலை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படுக்கையில் புரட்டுவது பிறருக்காக மன்றாடும் பரிந்துரை ஜெபம்போலத் தோன்றும், பெரும்பாலும் அது கவலைதான். படுக்கைக்குச் சங்கீதம் 4:8 போதும்: "சமாதானத்தோடே படுத்துக்கொண்டு நித்திரைசெய்வேன்."

துதிப் பாடல்களை மட்டும் பாடிப் பழகியவர்களுக்கு, நீங்கள் கவனித்த ஒருவர் மரித்த வாரத்தில் வாய் திறக்காது. சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல். 13ஆம் சங்கீதத்தில் தொடங்குங்கள். ஆறே வசனம்: இரண்டில் முறையீடு, இரண்டில் விண்ணப்பம், இரண்டில் நம்பிக்கை. முதல் நான்கை உரக்க வாசியுங்கள். கடைசி இரண்டுக்கு மனம் வராவிட்டால் அங்கேயே நிறுத்துங்கள், மறுநாள் தொடரலாம். 88ஆம் சங்கீதம் ஆறுதல் வரி இல்லாமலேதான் முடிகிறது, அதுவும் ஆராதனைப் பாட்டாகவே வேதத்தில் இருக்கிறது.

தீர்க்கதரிசி எலியா சூரைச்செடியின் கீழ் சாகக் கேட்டபோது தூதன் பிரசங்கம் செய்யவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான், தூங்கவிட்டான், மறுபடியும் தட்டியெழுப்பிச் சாப்பிடச் சொன்னான். ஓரேப் மலைக்குப் போனதும், அங்கே மெல்லிய சத்தத்தில் தேவன் பேசியதும் அதற்குப் பிறகுதான். ஆகவே உங்கள் தூக்கத்தையும் சாப்பாட்டையும் முதலில் பாருங்கள். பெரும்பாலான நாட்களில் மனம் இருண்டு, எதிலும் நாட்டமின்றி, இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். சாகலாம் என்ற நினைப்பு வந்தால் ஒரு நாளும் காத்திருக்காமல் நம்பகமான ஒருவரிடம் சொல்லி, அன்றே உதவி தேடுங்கள். ஜெபம் அதோடு கூடவே நடக்கட்டும்.

ஒரு எச்சரிக்கை. கைபேசிக்குச் சார்ஜ் ஏற்றுவதுபோல, இன்னும் அதிகமாக உழைப்பதற்காகவே ஆராதிக்கப் போனால், ஆராதனையும் இன்னொரு வேலையாகிவிடும். மாற்கு 6இல் இயேசு சீஷர்களைத் தனியிடத்துக்குச் சற்றே இளைப்பாற அழைத்தபோது, சாப்பிடவும் அவர்களுக்குச் சமயமில்லை. ஜனங்கள் முந்திக்கொண்டு அங்கே வந்துவிட்டார்கள், ஓய்வு பறிபோயிற்று. அவர் மனதுருகி அவர்களுக்குப் போதித்தார், ஐயாயிரம் பேர் சாப்பிட்டார்கள். ஆனால் உடனே சீஷர்களைப் படவில் ஏற்றி அனுப்பிவிட்டு, ஜனங்களையும் அனுப்பிவிட்டு, ஜெபிக்க மலைக்கு ஏறினார். உங்களுக்கும் ஒதுக்கிய ஞாயிறு சில நேரம் பறிபோகும். அதே வாரத்திலேயே வேறொரு வேளையை எடுத்துக்கொள்ளுங்கள், அடுத்த மாதத்துக்குத் தள்ளாதீர்கள்.

ஆயரிடம் பேசும்போது "களைப்பாக இருக்கிறது" என்று மட்டும் சொல்லாதீர்கள். மூன்று பொறுப்பில் எதை வைத்துக்கொள்கிறீர்கள், எதை விடுகிறீர்கள், எந்த ஞாயிறிலிருந்து என்று சொல்லுங்கள். மூன்று வாரம் முன்னதாகச் சொன்னால் மாற்று ஆள் பழக நேரம் இருக்கும். "ஆளில்லையே" என்று பதில் வந்தால், அந்த ஒரு ஞாயிறு பாடகர் குழு இல்லாமல் சபையே பாடலாம், ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் பெரியவர்களோடு உட்காரலாம். முடிவானதை அட்டவணையிலேயே எழுதி ஒட்டச் சொல்லுங்கள். வாய்ப்பேச்சோடு விட்டால் இரண்டாம் மாதமே பழைய வழக்கம் திரும்பிவிடும்.