வழக்கு 13-இல் தொடங்கும் கதை

கேள்வி: 'பிரின்சஸ் பிரின்சிபல்' அனிமேயின் முதல் அத்தியாயத்தைப் பார்த்தேன். எடுத்த எடுப்பிலேயே 'வழக்கு 13' என்கிறார்கள். யாரையும் ஒழுங்காக அறிமுகப்படுத்தவில்லை. பள்ளிக்கூடத்துப் பெண்கள் ஐந்து பேர், பச்சை வெளிச்சம், பறக்கும் கப்பல், துப்பாக்கிச் சண்டை. வெறும் அலங்காரம், கதையைக் காணோம். மேற்கொண்டு பார்க்க வேண்டுமா? – ஒரு வாசகர்

பதில்: பாருங்கள். ஆனால் அடுத்த அத்தியாயத்துக்குப் போகும் முன், இதன் கடைசிப் பகுதியை இன்னொரு முறை போட்டுப் பாருங்கள். நீங்கள் தேடிய கதை அங்கேதான் இருக்கிறது. முடிவைச் சொல்லாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. இன்னும் பார்க்காதவர்கள் அடுத்த கேள்விக்குத் தாவிவிடுங்கள்.

எரிக் ஒரு விஞ்ஞானி. லண்டனை இரண்டாகப் பிளக்கும் சுவரைத் தாண்டி, ஆல்பியன் ராஜ்ஜியத்திலிருந்து எதிரி நாடான காமன்வெல்த் பக்கம் தப்பிவிடப் பார்க்கிறான். தங்கை ஏமி நோயாளி. அவளை விட்டுவிட்டு வரமாட்டேன் என்கிறான். அவனுக்குக் காவலாக வரும் ஆன்ஜ், அந்த ஐந்து பெண்களில் ஒருத்தி, காமன்வெல்த் உளவாளி. கேட்டதற்கெல்லாம் பொய் சொல்கிறாள். கறுப்புப் பல்லிக் கிரகத்திலிருந்து வந்தவள் என்கிறாள், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல். கடைசியில் பார்த்தால் எரிக்கும் பொய் சொல்லியிருக்கிறான். ராஜ்ஜியத்துக்கு விலைபோனவன் அவன். ஆன்ஜ் அவனைக் கொல்கிறாள். அதற்கு முன் ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொள்கிறாள். ஆயுள் காப்பீட்டுப் பத்திரம் அது. அண்ணன் செத்தால் வரும் பணத்தில் தங்கைக்கு வைத்தியம் நடக்கும்.

கொல்பவளுடைய இரக்கம் அந்த ஒரு கையெழுத்தில் இருக்கிறது. அதற்காக அவள் அவனை விட்டுவிடவும் இல்லை, நம்மிடம் மன்னிப்பு கேட்கவும் இல்லை. நாயகியை முதல் அத்தியாயத்திலேயே இப்படிக் காட்ட ஒரு தொடருக்குத் துணிச்சல் வேண்டும். பெரும்பாலான கதைகளில் எரிக் கடைசி நிமிடத்தில் மனம் திருந்தியிருப்பான், நாமும் நிம்மதியாக எழுந்து போயிருப்போம்.

அலங்காரம் என்றீர்களே, அதையும் பார்ப்போம். பச்சையாக ஒளிரும் அந்தப் பொருள் கேவரைட். புவியீர்ப்பை மறைக்கும் இந்தக் கற்பனைப் பொருள் எச்.ஜி.வெல்ஸ் 1901-இல் எழுதிய நிலவுப் பயண நாவலில் வருவது. இங்கே ஆல்பியன் ராஜ்ஜியம் வான்கப்பல் கட்டி உலகை ஆள்வதே அதை வைத்துத்தான். ஏமியின் உடம்பைக் கெடுத்ததும் அதே கேவரைட். நீராவி எந்திரமும் பித்தளைச் சக்கரமும் சும்மா அழகுக்கு வைத்தவை என்றால் இந்த நோய் கதைக்குள் வந்திருக்காது. நகரின் நடுவே சுவரைப் பார்த்ததும் 1961 முதல் 1989 வரை நின்ற பெர்லின் சுவர் யாருக்கும் நினைவு வரும். பனிப்போர் உளவுக் கதையின் பயத்தை அப்படியே எடுத்து விக்டோரியா காலத்துப் புகைமூட்டத்தில் வைத்திருக்கிறார்கள்.

சரி, 13? அதில்தான் இயக்குநர் மசாகி தச்சிபானாவும் திரைக்கதையை வடிவமைத்த இச்சிரோ ஓகௌச்சியும் கெட்டிக்காரர்கள். இரண்டாவது அத்தியாயம் வழக்கு 1. இந்தப் பெண்கள் ஒன்றுசேர்ந்த கதை அதில்தான் தொடங்குகிறது. அதை முதலில் காட்டியிருந்தால் ஆன்ஜை நமக்குப் பிடித்துப்போயிருக்கும், அவள் என்ன செய்தாலும் சமாதானம் சொல்லியிருப்போம். இப்போது எரிக்குக்கு அவளைப் பற்றி எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் நமக்கும் தெரியும். அறிமுகம் இல்லை என்று நீங்கள் குறைப்பட்டது வேண்டுமென்றே செய்த காரியம்.

குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். பொம்மை போன்ற முகங்களும் குட்டைப் பாவாடைகளும் இந்தக் கதையின் கனத்தோடு ஒட்டவில்லை. உளவாளி என்றால் பொய்தான் என்பதை வசனத்தில் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை, காட்சியே சொல்லிவிடுகிறது. ஆனால் தொண்டையில் பொருத்திய எந்திரத்தால் யார் குரலிலும் பேசும், ஐவரில் ஒருத்தியான பியாட்ரிஸையும், யூகி கஜியுராவின் இசையையும் வைத்துக்கொண்டு அந்தத் துரத்தல் காட்சிகளை நன்றாகவே நடத்தியிருக்கிறார்கள்.

2017-இல் வந்த தொடர், மொத்தம் 12 அத்தியாயங்கள். வழக்கு எண்படி அடுக்கிப் பார்க்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். ஒளிபரப்பான வரிசையிலேயே பாருங்கள். இரண்டாவது அத்தியாயத்தின் முடிவில் ஆன்ஜ் பற்றித் தெரியவரும் ஒரு விஷயத்துக்குப் பிறகும் கதை இல்லை என்று தோன்றினால், மறுபடி எழுதுங்கள்.