செட்டிநாட்டுப் பக்கம் ஆப்பிள் கன்னு வச்சா காய்க்குமா?

பள்ளத்தூர்ல வீட்டுக்குப் பின்னாடி நிறைய இடம் சும்மா கிடக்கு, ஆன்லைன்ல ஆப்பிள் கன்னு விக்கிறாங்க, வாங்கி வச்சா காய்க்குமா, குளிர் ஊர்ல எல்லாம் எப்படி வளத்துப் பறிக்கிறாங்கன்னு கேட்டிருக்கீங்க. நான் கானாடுகாத்தான்காரன், சில வருஷம் ஹிமாச்சல்ல சிம்லாவத் தாண்டி கோட்கர் பக்கம் ஒரு ஆப்பிள் தோட்டத்துல கணக்கு எழுதுற வேலையில இருந்தேன். அறுப்பு சீசன் வந்துட்டா கணக்கு எழுதுறவனும் நோட்டத் தூக்கிக்கிட்டு மரத்தடியில தான் நிக்கணும், அதனால பாத்ததச் சொல்றேன்.

மொதல்ல ஒண்ணு. மரம் வளரும், அதுல சந்தேகமே வேணாம். தண்ணி விட்டா இலை விட்டு நல்லா கிளம்பி வரும். காய்க்கிறது தான் வேற சங்கதி. ஆப்பிள், பேரி, பிளம்ஸ், பீச் இந்த மரத்துக்கெல்லாம் வருஷத்துல ஒரு தடவை நல்ல தூக்கம் வேணும், இலைய எல்லாம் கொட்டிட்டு மொட்டையா நின்னு தூங்கணும், அந்தத் தூக்கத்துல குளிர் போதுமான அளவு ஏறினா தான் மொட்டு முழிக்கும். சுமாரா 7 டிகிரிக்குக் கீழ எத்தனை மணி நேரம் இருந்துச்சுன்னு கணக்கு வச்சுப்பாங்க, சில்லிங் ஹவர்ஸ்னு பேரு, மலைத் தோட்டத்துல வைக்கிற டெலிசியஸ் ரகங்களுக்கு அது 1000 மணி நேரம் கிட்ட வேணும். நம்ம ஊர்ல மார்கழி விடியக்காலையில பஜனைக்குப் போறவங்க துண்டப் போத்திக்கிட்டு போவாங்க தான், ஆனா 7 டிகிரி எந்தக் காலத்துல வந்துச்சு? குளிர் பத்தாத ஊர்ல மரம் இலைய ஒழுங்கா கொட்டாது, கொட்டினாலும் ஒரு கிளை இன்னைக்கு முழிக்கும் இன்னொரு கிளை ரெண்டு மாசம் கழிச்சு முழிக்கும், பூ அங்கொண்ணும் இங்கொண்ணுமா வரும்.

குளிரே இல்லாம விளைய வைக்கிற இடமும் இருக்கு. இந்தோனேசியாவுல ஜாவா தீவுல பாத்துன்னு ஒரு மலை ஊரு, அங்க காய் பறிச்சு முடிச்சதும் ஆளுங்கள விட்டு மரத்துல இருக்கிற இலை பூராவையும் கையால உருவிடுவாங்க, மரம் குளிர்காலம் போயிருச்சுன்னு நெனச்சு மறுபடி மொட்டு விடும், வருஷத்துக்கு ரெண்டு அறுப்பு கூட எடுக்கிறாங்க. ஆனா அது மலை, ராத்திரி சிலுசிலுன்னு இருக்கும். காரைக்குடி செம்மண் பொட்டல்ல சித்திரை வெயில்ல இதைச் செஞ்சா மரம் தாங்காது, தயவு செஞ்சு யூட்யூப் பாத்துட்டு இலைய உருவிடாதீங்க.

சமவெளி ஆப்பிள்னு விளம்பரத்துல போடுறது பெரும்பாலும் எச்ஆர்எம்என் 99, ஹிமாச்சல் பிலாஸ்பூர் மாவட்டத்துல ஹரிமன் சர்மாங்கிற விவசாயி உருவாக்கினது, அவருக்கு 2025ல பத்மஸ்ரீ கொடுத்தாங்க. நெஜமாவே பெரிய காரியம், மலை ஆப்பிளுக்கு மாசக்கணக்குல முன்னாடி ஜூன்லயே பழுக்கிற ரகம். ஆனா பிலாஸ்பூர் உசரத்துல தாழ்ந்த ஊரா இருந்தாலும் அங்க தை மாசம் ஸ்வெட்டர் இல்லாம வெளிய வர முடியாது, அதையும் நம்ம ஊரையும் ஒண்ணா வைக்காதீங்க. அன்னா, டார்செட் கோல்டன்னு இன்னும் ரெண்டு ரகம் இருக்கு, ஒண்ணு இஸ்ரேல், ஒண்ணு பஹாமாஸ், ரெண்டும் கம்மிக் குளிர்ல காய்க்கும், ஒண்ணுக்கொண்ணு மகரந்தம் கொடுக்கும்னு ஜோடியா வைப்பாங்க.

இந்த மகரந்த விஷயம் பல பேருக்குத் தெரியாது. கோட்கர் பக்கம் 1916 வாக்குல சாமுவேல் ஸ்டோக்ஸ்னு ஒரு அமெரிக்கக்காரர் தான் ரெட் டெலிசியஸ் கொண்டாந்து வச்சாரு, அந்தக் குடும்ப ரகங்க எதுவும் தன் பூவுல தானே காய் பிடிக்காது. நடுநடுவுல கோல்டன் டெலிசியஸ் மாதிரி வேற ரகம் நிக்கணும், பூக்கிற நேரத்துல தேனீப் பெட்டிய வாடகைக்கு எடுத்து தோட்டத்துல வைப்பாங்க. அந்த சமயம் பாத்து மழையோ ஆலங்கட்டியோ வந்துச்சுன்னா தேனீ வெளிய வராது, பூவும் போச்சு, அந்த வருஷக் கணக்கே போச்சு. தோட்டத்துக்காரம்மா வாசல்ல நின்னு வானத்தையே பாத்துக்கிட்டு இருப்பாங்க, பேச்சே இருக்காது.

காய் பிடிச்ச பிறகு ஒரு கொத்துல அஞ்சாறு இருந்தா ஒண்ணோ ரெண்டோ விட்டுட்டு மிச்சத்தக் கழிச்சிருவாங்க. நம்ம ஆளுங்களுக்கு மனசு வராது, ஆனா கழிக்கலன்னா எல்லாமே சுண்டக்காயா நின்னு போகும், அது மட்டுமில்ல, மரம் களைச்சுப் போயி அடுத்த வருஷம் பூக்கவே பூக்காது.

இப்ப பறிக்கிறது, நான் ரொம்ப ஆசைப்பட்டுக் கத்துக்கிட்டது இது தான். சிவப்பா இருந்தா பழுத்துருச்சுன்னு அர்த்தம் இல்ல, இப்ப வர்ற ரகங்க பிஞ்சுலயே செவந்துரும். சிவப்புக்கு அடியில இருக்கிற பச்சை லேசா மஞ்சளுக்கு மாறுதான்னு பாக்கணும், அறுத்துப் பாத்தா விதை பழுப்பா இருக்கணும். தோட்டத்துல ஒரு பெரியவர் இருந்தாரு, ஒரு பழத்த குறுக்க வெட்டி அயோடின் தண்ணியில முக்கி எடுத்துக் காட்டுவாரு. மாவு இருக்கிற இடமெல்லாம் கருநீலமா மாறும், மாவு சர்க்கரையா மாறின இடம் வெள்ளையாவே நிக்கும், அந்த வெள்ளை விதைப் பக்கம் இருந்து வெளிய பரவிக்கிட்டு வரும். அது எவ்வளவு தூரம் வந்திருக்குன்னு பாத்துத் தான் இது கோல்டு ஸ்டோரேஜுக்கா, இல்ல உடனே மண்டிக்கான்னு முடிவு பண்ணுவாரு, ஸ்டோரேஜுக்குன்னா கொஞ்சம் முந்தியே பறிக்கணும்.

பறிக்கும்போது இழுக்கவே கூடாது. உள்ளங்கையில பழத்த ஏந்தி, விரல் நுனி படாம, மேல் பக்கமா மெதுவா திருப்பித் தூக்கணும், நேரம் வந்த பழம் காம்போட கைக்கு வந்துரும். இழுத்தா அந்தக் குட்டைக் கிளையும் சேந்து ஒடிஞ்சு வரும், அடுத்த வருஷத்து மொட்டு அதுல தான் உக்காந்திருக்கும். காம்பு பிஞ்ச பழம் சீக்கிரம் அழுகும், அதனால அதைத் தனியா வச்சிருவாங்க. முதுகுல கில்ட்டான்னு கூம்புக் கூடை, அதுல போடாம வைக்கணும், டொக்குன்னு சத்தம் கேட்டா பெரியவர் திரும்பிப் பாப்பாரு.

பேரிக்காய் அப்படியே நேர்மாறு. மரத்துலயே பழுக்க விட்டா உள்ள இருந்து கொழகொழன்னு ஆயிரும், வெளிய பாத்தா தெரியாது. காய் கெட்டியா இருக்கும்போதே லேசா சாய்ச்சுத் தூக்கினா காம்பு பட்டுன்னு விடுதா, அது தான் நேரம், அப்புறம் வீட்டுல வச்சுப் பழுக்க வைக்கணும். நம்ம சந்தைக்கு கொடைக்கானல்ல இருந்து வர்ற பேரிக்காயும் அப்படித் தான், வாங்கின அன்னைக்கே கடிச்சுட்டு நல்லால்லன்னு சொல்லாம ஒரு வாழைப்பழத்தோட பையில கட்டி நாலஞ்சு நாள் வச்சுப் பாருங்க.

சரி, உங்க இடத்துக்கு வருவோம். ஆசைக்கு ஒரு ஜோடி வைக்கணும்னா வைங்க, நான் தடுக்க மாட்டேன். ஆனா விதையில முளைச்ச கன்னு வேணாம், தாய் மரத்துக் குணம் அதுல வராது, அடித்தண்டுல ஒட்டு முடிச்சு தெரியுதான்னு போட்டோ அனுப்பச் சொல்லி பாத்துட்டு வாங்குங்க. தை மாசத்துல வர்ற கன்னு வெறும் வேரோட குச்சியா தான் வரும், பயப்படாதீங்க, நடும்போது ஒட்டு மண்ணுக்கு மேல இருக்கணும். மேக்கு வெயில் அடிக்காத சுவத்தோரம் பாருங்க. வருமானத்துக்குன்னு மட்டும் அரை ஏக்கர் போட்டுராதீங்க, அதுக்கு நான் சம்மதிக்கவே மாட்டேன்.

கிணத்துத் தண்ணி லேசா உப்புன்னும் எழுதியிருக்கீங்க. ஆப்பிளுக்கு உப்பு ஆகவே ஆகாது, இலை ஓரம் கருகிரும், அந்த ரெண்டு மரத்துக்கு மட்டும் வளவுல, அதான் வீட்டு நடுமுற்றத்துல, விழுற மழைத்தண்ணிய தொட்டியில பிடிச்சு ஊத்துங்க. மிச்ச இடத்துல மாதுளையும் சப்போட்டாவும் போடுங்க, அது ரெண்டும் அந்தத் தண்ணிய ஓரளவு தாங்கும், கூட கொய்யாவும் சீத்தாவும் நம்ம செம்மண்ணுல நல்லா வரும். தண்ணிய மட்டும் நடுறதுக்கு முன்னாடி ஒரு தடவை டெஸ்ட் பண்ணிருங்க.