பழைய ரெமிங்டன் 700: வாங்கலாமா, எதை மாற்றலாம்?

கேள்வி: டொராண்டோவில் இருக்கிறேன். துப்பாக்கி உரிமம் வாங்கி, வேட்டைப் பயிற்சியும் முடித்துவிட்டேன். என்னோடு வேலை பார்த்து ஓய்வுபெறும் நண்பர் தன் ரெமிங்டன் 700 பிடிஎல் ரைபிளை விற்கிறார். 30-06 தோட்டா போடுவது. 1970களின் கடைசியில் வாங்கியதாம். வால்நட் மரக் கட்டை (பேரலைத் தாங்கி, தோளில் வைத்துப் பிடிக்கும் பாகம்), பழைய 3-9×40 ஸ்கோப். நவம்பரில் மான் வேட்டைக்கு இதையே எடுத்துப் போகலாமா? புதுப் பேரல், கார்பன் ஃபைபர் கட்டை, நல்ல டிரிகர், உதைப்பைக் குறைக்கப் பேரல் வாயில் மாட்டும் மஸில் பிரேக் எல்லாம் மாற்றிவிடலாம் என்று நினைக்கிறேன். எதில் தொடங்குவது?

பதில்: துப்பாக்கி நன்றாக இருந்தால் தாராளமாக வாங்குங்கள். ஆனால் உங்கள் பட்டியலில் உடனே மாற்றவேண்டியது டிரிகர் மட்டும்தான். அதுவும் குறி நன்றாக விழும் என்பதற்காக இல்லை, உயிர் பத்திரத்துக்காக. மற்றதையெல்லாம், இந்தத் துப்பாக்கி இப்போது இருக்கிற நிலையில் எப்படிச் சுடுகிறது என்று பார்த்த பிறகு முடிவு செய்யலாம்.

டிரிகர் விஷயத்தை விரிவாகவே சொல்கிறேன். 1962-இல் 700 வெளிவந்தபோது அதிலிருந்தது வாக்கர் டிரிகர் என்று சொல்லப்படும் அமைப்பு. அதில் டிரிகருக்கும், சுத்தியல் ஊசியைப் பிடித்து வைத்திருக்கும் சியருக்கும் நடுவே கனெக்டர் என்று ஒரு சின்ன உலோகத் துண்டு உண்டு. அது டிரிகரோடு இறுக்கிப் பிணைக்கப்படவில்லை; ஸ்பிரிங் அழுத்தத்தில்தான் ஒட்டி நிற்கிறது. ஒவ்வொரு முறை சுடும்போதும் விலகித் திரும்ப வரவேண்டும். காய்ந்த எண்ணெயோ தூசியோ நடுவில் புகுந்தால் அது முழுதாகத் திரும்பாமல் போகலாம். அப்போது சியர் ஒரு விளிம்பில் மட்டும் தொற்றிக்கொண்டிருக்கும். சேஃப்டியை (சுடாமல் தடுக்கும் பூட்டை) விலக்கினாலே, டிரிகரில் விரல் படாமலே, வெடிக்கும்.

உங்கள் நண்பரின் துப்பாக்கி 1982-க்கு முந்தியது என்பதால் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அந்தக் காலத்து 700-இல் சேஃப்டி போட்டிருந்தால் போல்ட் (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் தண்டு) திறக்காது. ஆகவே உள்ளே இருக்கும் தோட்டாவை வெளியே எடுக்கவே சேஃப்டியை விலக்கியாக வேண்டும். 2000-ஆம் ஆண்டில் மொன்டானாவில் ஒரு தாய் தோட்டாவை எடுப்பதற்காகச் சேஃப்டியை விலக்கியபோது துப்பாக்கி வெடித்து அவருடைய ஒன்பது வயது மகன் இறந்துபோனான். அதற்குப் பிறகுதான் இந்தக் குறை ஊரறிய விவாதமானது. குறைபாடு இருப்பதை நிறுவனம் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனாலும் அமெரிக்காவில் கூட்டு வழக்கு ஒன்று சமரசத்தில் முடிந்து, எழுபது லட்சத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகள் அதில் அடங்கின; டிரிகரை இலவசமாக மாற்றிக்கொள்ள வழி வந்தது. அந்த அவகாசமும் முடிந்துவிட்டது.

எனவே வாங்குவதற்கு முன் ஒரு சோதனை. தோட்டா இல்லை என்று கண்ணாலும், தோட்டா உட்காரும் சேம்பருக்குள் விரலை விட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். போல்ட்டை மூடி, சேஃப்டி போட்டு, டிரிகரை நன்றாக அழுத்தி விடுங்கள். பிறகு டிரிகரைத் தொடாமல் சேஃப்டியை மட்டும் விலக்குங்கள். 'க்ளிக்' சத்தம் கேட்கக் கூடாது. அடுத்து, சேஃப்டி இல்லாமல் போல்ட்டைச் சற்று வேகமாக அடித்து மூடுங்கள். கட்டையின் அடிப்பாகத்தை ரப்பர் விரிப்பில் லேசாகத் தட்டுங்கள். அப்போதும் ஊசி விழக் கூடாது. இதில் ஒன்றில் தவறினாலும், டிரிகர் மாறும்வரை அதில் தோட்டா ஏற்றாதீர்கள். எல்லாவற்றிலும் தேறினாலும் மாற்றத்தான் சொல்வேன், ஏனென்றால் இந்தக் குறை ஒவ்வொரு முறையும் தலைகாட்டாது. நூறு முறை சரியாக இருந்து நூற்றோராம் முறை காலை வாரும்.

மாற்று டிரிகர்களில் டிம்னி, கனடாவிலேயே தயாராகும் டிரிகர்டெக் இரண்டுமே நம்பிக்கையானவை. மலிவாகக் கிடைக்கிறதே என்று யாரோ கழற்றிய, ரெமிங்டனே பின்னாளில் செய்த எக்ஸ்-மார்க் ப்ரோ டிரிகரை வாங்கிப் போடாதீர்கள். 2006 மே முதல் 2014 ஏப்ரல் வரை அது பொருத்தி வந்த துப்பாக்கிகளையும் நிறுவனமே திரும்ப அழைத்தது. இழுப்பு எடையை மூன்று, மூன்றரை பவுண்டில் வையுங்கள். குளிரில் கையுறை போட்ட விரலுக்கு அதைவிட இலகுவான டிரிகர் ஆபத்து. பொருத்துவதைத் துப்பாக்கி மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

சரி, மற்ற பரிசோதனைகள். பேரல் வாயின் விளிம்பைச் சுற்றி காது துடைக்கும் பஞ்சுக் குச்சியை ஓட்டிப் பாருங்கள். பஞ்சு இழை எங்கே மாட்டுகிறதோ அங்கே விளிம்பில் காயம் இருக்கிறது. குண்டு கடைசியாகத் தொட்டு வெளியேறும் இடம் அது. அங்கே சிறு பிசிறு இருந்தாலும் குறி சிதறும். நல்ல வேளையாக, விளிம்பை மறுபடி கடைந்து சரிசெய்யலாம், பெரிய செலவும் ஆகாது. உள்ளே வெளிச்சம் அடித்துப் பார்க்கும்போது செம்பு படிந்திருந்தால் பயப்படவேண்டாம், சுத்தம் செய்தால் போய்விடும். துருப்பிடித்துக் குழி விழுந்திருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள், அல்லது விட்டுவிடுங்கள். பேரலும் கட்டையும் சேரும் கோட்டுக்குக் கீழே துரு ஒளிந்திருக்கும். கட்டையைக் கழற்றிக் காட்டச் சொல்லத் தயங்காதீர்கள்.

போல்ட்டின் கைப்பிடி 700-இல் தனியாகச் செய்து பற்றவைத்தது. அது ஆடுகிறதா, பற்றவைத்த இடத்தில் கீறல் இருக்கிறதா என்று பாருங்கள். தோட்டாக் கூட்டை இழுத்து வெளியேற்றும் கொக்கி, போல்ட்டின் முகத்துக்குள் இருக்கும் மெல்லிய வளையம். போலித் தோட்டா போட்டு இழுத்தால் தெரிந்துவிடும். ஹெட்ஸ்பேஸ் அளவை (மூடிய போல்ட்டுக்கும் சேம்பருக்குள் தோட்டா உட்காரும் இடத்துக்கும் உள்ள இடைவெளியை) மெக்கானிக் கேஜ் வைத்துப் பார்க்கட்டும். அதைக் கண்ணால் சொல்ல முடியாது.

சட்டப் பக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும், இருந்தாலும் ஒரு வரி: நீண்ட துப்பாக்கிகளின் பதிவேட்டை 2012-இல் கனடா எடுத்துவிட்டது என்பதால் அப்படியே கைமாற்றிவிடலாம் என்று நினைத்துவிடக் கூடாது. 2022 மே முதல், நண்பர் உங்கள் உரிமத்தைச் சரிபார்த்து அதற்கான குறிப்பு எண்ணைப் பெற்ற பிறகுதான் துப்பாக்கி கைமாறவேண்டும். எந்த வட்டாரத்தில் மானுக்கு ரைபிள் அனுமதி என்பதை ஒன்டாரியோவின் அந்த வருட வேட்டை விதிகளில் பார்த்துவிடுங்கள்.

இனி கட்டை. கார்பன் ஃபைபருக்குப் போவதற்கு முன்னால், இந்தக் கட்டை உங்கள் உடம்புக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள். டிரிகரிலிருந்து கட்டையின் பின்முனைவரை 700-இல் பதின்மூன்றரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. ஐந்தரை அடி உயரமுள்ள ஒருவர் தடித்த குளிர்ச்சட்டையும் போட்டுக்கொண்டால், அது நீளம்தான். நவம்பரில் போடப்போகிற அதே சட்டையைப் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி, துப்பாக்கியைத் தோளுக்கு ஏற்றுங்கள். கண்ணைத் திறந்ததும் ஸ்கோப்பில் முழு வட்டம் தெரியவேண்டும். கழுத்தை முன்னே நீட்டியோ கன்னத்தை மேலே தூக்கியோ தேடவேண்டியிருந்தால் கட்டை உங்களுடையதில்லை. மரக்கட்டையில் ஒரு வசதி: முக்கால் அங்குலம் அறுத்து, நல்ல ரப்பர் மெத்தை பொருத்திவிடலாம். பின்னுதைப்பும் குறையும். இந்த ஒரு வேலை தரும் பலனை எந்த விலையுயர்ந்த பாகமும் தந்து நான் பார்த்ததில்லை.

வால்நட்டுக்கு ஈரம் ஆகாது. உப்பும், வளையும், பேரலைப் பக்கவாட்டில் தள்ளும். இந்த மாடலில் கட்டையின் முன் நுனி பேரலைத் தாங்கிப்பிடிக்கும்படி தொழிற்சாலையிலேயே சிறு மேடு விட்டிருப்பார்கள். அதைச் சீவ அவசரப்படாதீர்கள், சில துப்பாக்கிகள் அந்த அழுத்தத்தோடுதான் நன்றாகச் சுடும். முதலில் முன் திருகைத் தளர்த்தி இறுக்கிக்கொண்டே, பேரலும் கட்டை நுனியும் சேரும் இடத்தில் விரலை வையுங்கள். அசைவு நன்றாகத் தெரிந்தால் ரிசீவர் (பேரலும் போல்ட்டும் சேரும் உலோகக் கூடு) கட்டையில் நெருடலாக உட்கார்ந்திருக்கிறது. எபாக்ஸி ஊற்றிப் படுகை அமைத்தால் சரியாகும். அசைவு இல்லையென்றால் கை வைக்காதீர்கள்.

குறி சிதறுகிறது என்று என்னிடம் வரும் துப்பாக்கிகளில் பெரும்பாலும் குற்றவாளி தளர்ந்த திருகுதான், பேரல் இல்லை. ஸ்கோப்பின் அடித்தட்டு, வளையங்கள், கட்டைத் திருகுகள் மூன்றையும் கழற்றி, எண்ணெய் போகத் துடைத்து, தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்குங்கள். கை உணர்வை நம்பவேண்டாம். பழைய ஸ்கோப்பில் குறியை நகர்த்தும் திருகுகளை நான்கு பக்கமும் சம எண்ணிக்கையில் நகர்த்தித் திரும்பக் கொண்டுவந்தால் குறி ஆரம்பித்த இடத்துக்கே வரவேண்டும். வராவிட்டால் கார்பன் கட்டைக்கு ஒதுக்கிய பணத்தை ஸ்கோப்புக்குக் கொடுங்கள்.

அப்புறம் தோட்டா. 150, 165, 180 கிரெய்னில் (குண்டின் எடை அளவு) வெவ்வேறு தயாரிப்புகளாக இரண்டு மூன்று பெட்டி வாங்கி, ஒவ்வொன்றிலும் ஐந்து ஐந்தாகச் சுடுங்கள். நடுநடுவே பேரல் ஆறட்டும். மூன்று குண்டு நெருக்கமாக விழுந்ததைப் பார்த்து மயங்கக் கூடாது, அது தற்செயலாகவும் அமையும். 100 மீட்டரில் ஆறு சென்டிமீட்டருக்குள் விழுந்தால் மானுக்குத் தாராளம். அதன் நெஞ்சுக் கூட்டில் உயிர்நிலை இருபது சென்டிமீட்டருக்கும் மேல் அகலம். ஒன்டாரியோ காட்டுக்குள் 200 மீட்டர் தூரம் தெளிவாகத் தெரிவதே அரிது. அந்த அளவுக்குச் சுடுகிற பேரலை எதற்கு மாற்றவேண்டும்? வேட்டைக்காரர் வருடத்துக்குச் சில பெட்டி தோட்டா சுட்ட 30-06 பேரல் தேய்ந்திருக்கவும் வாய்ப்பில்லை. எந்தத் தோட்டா என்று முடிவு செய்ததும், 100 கெஜத்தில் குறிக்கு ஐந்து சென்டிமீட்டர் மேலே விழும்படி வைத்தால் 200 கெஜத்தில் ஏறக்குறைய குறியிலேயே விழும்.

மஸில் பிரேக் வேண்டாம். உதைப்பு குறையும், உண்மைதான். ஆனால் வெடிச் சத்தம் பக்கவாட்டிலும் பின்னாலும் திரும்பிக் காதைத் தாக்கும். கூட வருபவருக்கும் சேர்த்து. காட்டில் பலர் காதடைப்பு போடுவதில்லை. ரப்பர் மெத்தையும் பொருத்தமான கட்டை நீளமும் அமைந்தால் 30-06 தாங்க முடியாத உதைப்பு இல்லை.

வேட்டைக்குப் போவதற்கு முந்தின வாரம் போல்ட்டைப் பிரித்து, உள்ளிருக்கும் பழைய எண்ணெயை முழுவதும் கழுவிவிடுங்கள். கடுங்குளிரில் அது இறுகி ஊசியின் வேகத்தைக் குறைத்துவிடும். தோட்டா வெடிக்காமலே போகலாம். குளிருக்கான மெல்லிய எண்ணெய் ஒரு துளி போதும். முகாமுக்குத் திரும்பியதும் தோட்டாவை எடுத்துவிட்டு, துப்பாக்கியைப் பைக்குள் மூடியபடியே உள்ளே கொண்டுவந்து மெதுவாகச் சூடேற விடுங்கள். இல்லாவிட்டால் ஸ்கோப்பிலும் போல்ட்டுக்குள்ளும் நீர் கோத்துக்கொண்டு, மறுநாள் விடியற்காலையில் உறைந்து நிற்கும்.