மன்னிப்புக் கேட்டாயிற்று, அடுத்து என்ன?

அமெரிக்காவின் வெள்ளை இவாஞ்சலிக்கல் சபைகளும் நிறவெறிக்கு எதிரான போராட்டமும் குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த வாரம் பதில்.

கேள்வி: இவாஞ்சலிக்கல் என்பது தனிச் சபைப் பிரிவா? வெள்ளையர்கள் மட்டும்தான் அதில் இருக்கிறார்களா?

பிரிவு அல்ல, ஒரு போக்கு. பாப்டிஸ்ட், பெந்தெகொஸ்தே, பிரஸ்பிட்டேரியன் சபைகளிலும், எதிலும் சேராத சுயாதீன சபைகளிலும் இதைப் பார்க்கலாம். மறுபடியும் பிறந்த அனுபவம், வேதாகமமே இறுதி அதிகாரம் என்ற பிடிப்பு, சிலுவை மரணத்தின் வழியே இரட்சிப்பு என்ற விசுவாசம், அதைப் பிறருக்கு அறிவிக்கும் தீவிரம் ஆகிய நான்கும் இதன் அடையாளங்கள்.

இந்த அளவுகோலின்படி கறுப்பினக் கிறிஸ்தவர்களில் ஏராளமானோர் இவாஞ்சலிக்கல்தான். ஆனாலும் அவர்களில் பலர் அந்தப் பெயரை ஏற்பதில்லை. கருத்துக்கணிப்பு நடத்துவோரும் 'கறுப்பினப் புராட்டஸ்டண்ட்' என்று தனியாகவே கணக்கெடுக்கிறார்கள். காரணம் பழையது. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிலடெல்பியாவின் செயின்ட் ஜார்ஜ் மெதடிஸ்ட் ஆலயத்தில், முழங்காலில் நின்று ஜெபித்துக்கொண்டிருந்த கறுப்பினத்தவரை இடம் மாறச் சொல்லிப் பிடித்து எழுப்பினார்கள். ரிச்சர்ட் ஆலனும் மற்றவர்களும் வெளியேறினார்கள். 1816-ல் ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எப்பிஸ்கோப்பல் சபை உருவானது. உபதேசத்தில் எந்த வேறுபாடும் இல்லை. பிரிந்ததற்கு அவர்கள் நடத்தப்பட்ட விதம் மட்டுமே காரணம்.

கேள்வி: அடிமை முறையை எதிர்த்தவர்களும் இவர்கள்தான், ஆதரித்தவர்களும் இவர்கள்தான் என்கிறார்கள். ஒரே வேதத்தை வைத்துக்கொண்டு இது எப்படிச் சாத்தியம்?

இரண்டும் உண்மை. எழுப்புதல் பிரசங்கியார் சார்லஸ் ஃபின்னி அடிமை வைத்திருப்பவர்களுக்குத் திருவிருந்து தர மறுத்தார். அவர் பணியாற்றிய ஓஹையோவின் ஓபர்லின் கல்லூரி 1835-லேயே கறுப்பின மாணவர்களைச் சேர்க்க முடிவெடுத்தது. இல்லினாயில் வீட்டன் கல்லூரியை 1860-ல் தொடங்கிய ஜோனதன் பிளான்சர்ட் அடிமை ஒழிப்புப் போராளி. மறுபக்கம், அவர்களுக்கு நூறாண்டு முன்பு ஆயிரக்கணக்கானோரை மனந்திரும்பச் செய்த ஜார்ஜ் விட்ஃபீல்ட், ஜார்ஜியாவில் அடிமை முறையைச் சட்டபூர்வமாக்க வேண்டுமென்று வாதாடினார். அவர் நடத்திய அனாதை இல்லத்தின் நிலத்தில் அடிமைகள் உழைத்தார்கள். அதே காலத்தின் புகழ்பெற்ற பிரசங்கியார் ஜோனதன் எட்வர்ட்ஸும் அடிமைகளை விலைக்கு வாங்கியவர்தான்.

அடித்தளம் இன்னும் முன்பே போடப்பட்டுவிட்டது. ஞானஸ்நானம் பெற்றாலும் அடிமை அடிமையே என்று 1667-ல் வர்ஜீனியா சட்டம் இயற்றியது. ஆத்துமாவுக்கு விடுதலை, உடலுக்கு இல்லை என்ற அந்தக் கோடு பிறகு அழியவே இல்லை.

வேதத்தை எப்படி வளைத்தார்கள் என்று கேட்டால், ஆதியாகமம் 9:25-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். "கானான் சபிக்கப்பட்டவன்" என்றுதான் அங்கே இருக்கிறது. அதைக் கானானின் தகப்பனான காமின் சாபமாக்கி, காம் என்றால் ஆப்பிரிக்கர் என்றாக்கிப் பிரசங்கித்தார்கள். அந்த வசனத்தில் தோலின் நிறத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. அப்போஸ்தலர் 17:26 இன்னும் வேதனையான உதாரணம். சகல ஜனங்களும் "ஒரே இரத்தத்தினாலே" தோன்றியவர்கள் என்ற பாதியைச் சமத்துவம் கேட்டவர்கள் பிடித்துக்கொண்டார்கள். "குடியிருப்பின் எல்லைகளையும் குறித்திருக்கிறார்" என்ற மீதிப் பாதியைப் பிரிவினைக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

கடைசியில் சபைகளே உடைந்தன. 1844-ல் மெதடிஸ்டுகள் பிளந்தார்கள். அடிமை வைத்திருப்பவர் மிஷனரியாகப் போகலாமா என்ற கேள்வியில் பாப்டிஸ்டுகள் பிரிந்து, 1845 மே மாதம் ஜார்ஜியாவின் அகஸ்டா நகரில் சதர்ன் பாப்டிஸ்ட் கன்வென்ஷன் பிறந்தது. இன்று அமெரிக்காவின் மிகப் பெரிய புராட்டஸ்டண்ட் அமைப்பு அதுதான்.

கேள்வி: மார்ட்டின் லூதர் கிங் காலத்தில் வெள்ளைப் போதகர்கள் எல்லோரும் எதிர்த்தார்களா?

இல்லை. எதிர்த்தவர்களைவிடத் தயங்கியவர்களே அதிகம், கிங்கின் கோபமும் அவர்கள் மேல்தான். 1963 ஏப்ரல் 16 தேதியிட்ட பர்மிங்ஹாம் சிறைக் கடிதம், "பொறுத்திருங்கள்" என்று அறிக்கை விட்ட எட்டு வெள்ளை மதத்தலைவர்களுக்கு எழுதிய பதில். அந்த எட்டுப் பேரில் ஒருவர் ஃபர்ஸ்ட் பாப்டிஸ்ட் சபையின் போதகர் ஏர்ல் ஸ்டாலிங்ஸ். ஈஸ்டர் ஞாயிறன்று கறுப்பினத்தவரைப் பாகுபாடின்றி ஆராதனைக்கு வரவேற்றதற்காக அவரை அதே கடிதத்தில் கிங் பெயர் சொல்லிப் பாராட்டினார்.

அதோடு கதை முடியவில்லை. அதே சபையில் 1970-ல் ஒரு கறுப்பினத் தாயையும் மகளையும் உறுப்பினராகச் சேர்க்கும் விஷயத்தில் பெரும் சண்டை மூண்டு, சபையே இரண்டானது. பெஞ்சில் உட்கார வைப்பது வேறு, உறுப்பினராக்குவது வேறு. பாப்டிஸ்ட் சபையில் உறுப்பினருக்கு ஓட்டு உண்டு. போதகரை அழைப்பதும் அனுப்புவதும் அந்த ஓட்டுதான். தென் மாநிலங்களில் போதகர்கள் ஏன் வாயை மூடிக்கொண்டார்கள் என்பதற்கு இதைவிட எளிய விளக்கம் கிடையாது. அவர்களுடைய சம்பளமும் குடியிருந்த வீடும் சபையார் கையில் இருந்தன.

புகழ்பெற்ற நற்செய்திப் பிரசங்கியார் பில்லி கிரஹாமைப் பற்றிப் பலர் கேட்டிருக்கிறீர்கள். 1953-ல் டென்னசியின் சட்டனூகாவில் வெள்ளையரையும் கறுப்பினத்தவரையும் பிரித்துக் கட்டியிருந்த கயிற்றை அவரே அவிழ்த்தார். 1957 நியூயார்க் கூட்டத்தில் கிங்கை மேடையேற்றி ஜெபிக்கச் செய்தார். ஆனால் தெருவில் இறங்கும் போராட்டத்திலிருந்து விலகியே நின்றார். உள்ளம் மாறினால் சமூகம் மாறும் என்பது அவர் நம்பிக்கை. அவர் செய்ததைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் கயிற்றை அவிழ்த்தது கூட்டம் நடந்த நாட்களுக்கு மட்டும். நகரத்தின் சட்டங்கள் அப்படியே இருந்தன.

டல்லஸின் பாப்டிஸ்ட் போதகர் டபிள்யூ. ஏ. கிறிஸ்வெல் 1956-ல் தென் கரோலினா சட்டமன்றத்தில் பிரிவினைக்காகப் பேசினார். 1968-ல் சதர்ன் பாப்டிஸ்ட் தலைவரானபோது அந்த நிலையைக் கைவிட்டார். சிவில் உரிமைச் சட்டம் 1964-லும் வாக்குரிமைச் சட்டம் 1965-லும் வந்துவிட்டன என்பதைக் கவனியுங்கள்.

உண்மையிலேயே விலை கொடுத்தவர் என்றால் வெள்ளை பாப்டிஸ்ட் போதகர் கிளாரன்ஸ் ஜோர்டன். ஜார்ஜியாவின் அமெரிக்கஸ் ஊருக்கு அருகே 1942-ல் கொய்னோனியா பண்ணையைத் தொடங்கினார். அங்கே இரு இனத்தாரும் ஒரே மேசையில் உண்டார்கள். 1950-ல் உள்ளூர் பாப்டிஸ்ட் சபை அவர்களை நீக்கியது. 1956 முதல் துப்பாக்கிச் சூடு, குண்டுவெடிப்பு. விதையும் உரமும் விற்க வியாபாரிகள் மறுத்தார்கள். பண்ணையில் விளைந்த பீக்கன் கொட்டைகளைத் தபாலில் வெளியூர்களுக்கு விற்றுத்தான் பிழைத்தார்கள்.

கேள்வி: இவர்கள் அரசியலுக்கு வந்தது கருக்கலைப்பை எதிர்க்கத்தான் என்று படித்தேன். சரிதானே?

பாதி சரி. பள்ளிகளில் இனப்பிரிவினை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1954-ல் சொன்ன பிறகு, தெற்கில் வெள்ளைக் குழந்தைகளுக்கான தனியார் பள்ளிகள் முளைத்தன. பலவற்றைச் சபைகளே நடத்தின. 1969-ல் மிசிசிப்பியின் ஹோம்ஸ் கவுண்டியில் கறுப்பினப் பெற்றோர் வழக்குப் போட்டார்கள். பாகுபாடு காட்டும் பள்ளிக்கு வரிவிலக்கு கிடையாது என்று 1971-ல் தீர்ப்பு வந்தது. தென் கரோலினாவின் பாப் ஜோன்ஸ் பல்கலைக்கழகம் இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போய், 1983-ல் 8-க்கு 1 என்று தோற்றது. இனம் கடந்த காதலுக்கு அங்கே இருந்த தடை 2000-ல்தான் நீங்கியது. கருக்கலைப்பை உரிமையாக்கிய உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது 1973-ல். என் கணிப்பில், பிற்காலத்தில் அணிதிரட்டியது கருக்கலைப்புதான். தலைவர்களை முதலில் உசுப்பியது இந்தப் பள்ளி வரிவிலக்குச் சண்டை.

கேள்வி: 1995-ல் மன்னிப்புக் கேட்டார்களே, அதற்குப் பிறகு என்ன மாறியது?

அட்லாண்டாவில், அமைப்பின் 150-ஆம் ஆண்டில், அடிமை முறையில் தங்களுக்கு இருந்த பங்கை ஒப்புக்கொண்டு சதர்ன் பாப்டிஸ்டுகள் தீர்மானம் போட்டார்கள். 2012-ல் நியூ ஆர்லியன்ஸின் ஃபிரெட் லூட்டர் முதல் கறுப்பினத் தலைவரானார். உள்நாட்டுப் போரில் அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென் மாநிலங்களின் கான்ஃபெடரேட் கொடியைக் காட்சிக்கு வைப்பதை நிறுத்துமாறு 2016-ல் கேட்டுக்கொண்டார்கள். தங்கள் முதல் இறையியல் கல்லூரியை நிறுவிய நால்வரிடமும் மொத்தம் 50-க்கு மேற்பட்ட அடிமைகள் இருந்ததை அந்தக் கல்லூரியே 2018-ல் அறிக்கையாக வெளியிட்டது.

ஆனால் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். அங்கே ஒவ்வொரு சபையும் சுயாட்சி உடையது. ஆண்டுக்கூட்டத்தில் நிறைவேறும் தீர்மானம் எந்தச் சபையையும் கட்டுப்படுத்தாது. அது ஒரு கருத்து மட்டுமே. அதிகபட்சம் செய்யக்கூடியது உறவை முறிப்பது. 2018-ல் ஜார்ஜியாவின் ஆல்பனியில் இருந்த ஒரு சபையை இனப்பாகுபாட்டுக்காக அப்படி விலக்கினார்கள். தீர்மானங்களை எண்ணுவதைவிட, விலக்கப்பட்ட சபைகளை எண்ணிப் பார்த்தால் நிலைமை தெளிவாகும்.

கேள்வி: பாவம் தனிமனித உள்ளத்தில்தானே இருக்கிறது? உள்ளம் மாறினால் போதாதா? சட்டம், அமைப்பு என்று பேசுவது அரசியல் அல்லவா?

இந்தக் கேள்விக்குள்தான் மொத்தச் சிக்கலும் இருக்கிறது. சமூகவியலாளர்கள் மைக்கேல் எமர்சனும் கிறிஸ்டியன் ஸ்மித்தும் 2000-ல் வெளியிட்ட ஆய்வில் கண்டது இதைத்தான்: வெள்ளை இவாஞ்சலிக்கல்களில் பலர் நிறவெறியை வெறுக்கிறார்கள், ஆனால் அதை இரண்டு மனிதர்களுக்கு இடையிலான பகையாக மட்டுமே பார்க்கிறார்கள். அதனால் மருந்தும் நட்பு, மன்னிப்பு, கட்டித் தழுவுதல் என்ற அளவில் நின்றுவிடுகிறது.

வீட்டுக் கடனை எடுத்துக்கொள்வோம். 1934-ல் அமைந்த கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகம், கறுப்பினத்தவர் வாழும் பகுதிகளில் கடனுக்கு உத்தரவாதம் தர மறுத்தது. போருக்குப் பின் வெள்ளைக் குடும்பங்கள் அந்த உத்தரவாதத்தோடு புறநகரில் வீடு வாங்கின. சபைகளும் நகரக் கட்டடத்தை விற்றுவிட்டு அவர்கள் பின்னால் போயின. 1968-ல் சட்டம் பாகுபாட்டைத் தடை செய்தபோது ஒரு தலைமுறையின் சொத்து சேர்ந்துவிட்டிருந்தது. 2022-ல் மத்திய வங்கி எடுத்த கணக்கில், சொத்து வரிசையில் நடுவில் வரும் வெள்ளைக் குடும்பத்தின் நிகரச் சொத்து 2,85,000 டாலர். அதேபோல் நடுவில் வரும் கறுப்பினக் குடும்பத்துக்கு 44,900 டாலர். இன்று அந்தப் புறநகர் ஆலயத்தில் அமர்ந்திருப்பவர் யாரையும் வெறுக்காத நல்ல மனிதராக இருக்கலாம். அவர் மனந்திரும்புவதால் அந்தக் கணக்கில் ஒரு டாலரும் இடம் மாறாது.

வேதமும் தனிமனிதரோடு நிற்பதில்லை. "நானும் என் தகப்பன் வீட்டாரும் பாவஞ்செய்தோம்" என்று நெகேமியா அறிக்கையிடுகிறார். வரி வசூலித்த சகேயு அழுததாக லூக்கா எழுதவில்லை. அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாய்த் திருப்பிச் செலுத்துகிறேன் என்று சொன்னதைத்தான் எழுதியிருக்கிறார்.

கேள்வி: என் மகன் ஜார்ஜியாவில் ஒரு பழைய பாப்டிஸ்ட் சபைக்குப் போகிறான். சபையின் கடந்த காலத்தை ஆராயக் குழு அமைத்து அவனையும் சேர்த்திருக்கிறார்கள். எங்கே தொடங்குவது?

முதலில் சபையின் நடவடிக்கைக் குறிப்பேடுகள். 1865-க்கு முந்தைய உறுப்பினர் பட்டியலில் அடிமைகள் பெரும்பாலும் ஒற்றைப் பெயரோடும் உரிமையாளர் பெயரோடும் இருப்பார்கள். ஆலயத்தில் ஏடு இல்லையென்றால் மேக்கன் நகரின் மெர்சர் பல்கலைக்கழக நூலகத்தில் கேளுங்கள். ஜார்ஜியா பாப்டிஸ்ட் ஆவணங்கள் அங்கே சேர்க்கப்பட்டுள்ளன.

அடுத்து, டீக்கன்கள், அறங்காவலர்கள் பெயர்களை எழுதிக்கொண்டு 1850, 1860 மக்கள்தொகைக் கணக்கின் அடிமை அட்டவணைகளில் தேடுங்கள். அதில் உரிமையாளர் பெயர் இருக்கும். அடிமைகளுக்கு வயது, பால், நிறம் மட்டும். இங்கே அடிக்கடி நேரும் பிழை, அதே பெயருள்ள வேறொருவரைப் பிடித்துக்கொள்வது. கவுண்டியையும், பொதுக் கணக்கில் அவருடைய அண்டை வீட்டாரையும் ஒப்பிட்டு உறுதி செய்யுங்கள். அடிமைகளின் பெயர் வேண்டுமானால் கவுண்டி நீதிமன்றத்தின் உயில்களையும் சொத்துப் பட்டியல்களையும் பாருங்கள். பெயரும் அருகிலேயே விலையும் இருக்கும். படிக்க மனதைத் திடப்படுத்திக்கொள்ளச் சொல்லுங்கள்.

பிறகு நிலப் பத்திரங்கள். வெள்ளையர் அல்லாதோருக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனையை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்று 1948-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. வாசகம் பத்திரத்தில் அப்படியே கிடக்கும். 1954 முதல் 1971 வரையிலான குறிப்புகளை ஒரு பக்கம் விடாமல் படிக்க வேண்டும்: வாசலில் நிற்கும் உபசரிப்பாளருக்குத் தந்த உத்தரவு என்ன, யாரைத் திருப்பி அனுப்ப ஓட்டெடுப்பு நடந்தது? சபைக்குப் பள்ளி உண்டென்றால், அது தொடங்கிய ஆண்டையும் கவுண்டியின் அரசுப் பள்ளிகளில் பிரிவினை நீங்கிய ஆண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

உள்நாட்டுப் போர் முடிந்த சில ஆண்டுகளில் கறுப்பின உறுப்பினர்கள் கூட்டமாக விலகியிருப்பார்கள். அவர்கள் தொடங்கிய சபை சில தெருக்கள் தள்ளி இன்றும் இருக்கலாம். அறிக்கையை வெளியிடும் முன் அவர்களிடம் காட்டுங்கள். ஆனால் தேடும் வேலையை அவர்கள் தலையில் கட்ட வேண்டாம். ஒரே ஒரு ஞாயிறு மேடையேற்றி மன்னிப்புக் கேட்பதும் தவறு. நூறு பேர் பார்த்துக்கொண்டிருக்கையில் "மன்னித்தோம்" என்பதைத் தவிர அவர்களால் வேறென்ன சொல்ல முடியும்? செலவுத் திட்டத்தில் என்ன சேர்ப்பது என்பதை முதலில் முடிவு செய்துவிட்டுப் போகட்டும்.

கேள்வி: இரு இனத்தாரும் சேர்ந்து வழிபடும் சபைகள் பெருகுகின்றனவா?

பெருகுகின்றன. எந்த இனமும் 80 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் அது பல்லினச் சபை என்பது ஆய்வாளர்களின் கணக்கு. இந்த அளவில் வெள்ளையர் பெரும்பான்மை உள்ள மரபான இவாஞ்சலிக்கல் சபைகளில் 1998-ல் 7 சதவீதமாக இருந்தது 2019-ல் 22 ஆனது. ஆனால் போக்குவரத்து பெரும்பாலும் ஒருவழிதான். கறுப்பினத்தவர் வெள்ளையர் சபைக்கு வருகிறார்கள். கறுப்பினப் போதகரின் கீழ் போய் அமரும் வெள்ளையர் குறைவு.

உடைவது எங்கே என்றும் சொல்லிவிடுகிறேன். ஒரு கறுப்பினத்தவரைப் பாடல் குழுவுக்கோ வாலிபர் ஊழியத்துக்கோ நியமித்துவிட்டு, மூப்பர் குழுவையும் வரவு செலவையும் பழையபடியே வைத்துக்கொள்வார்கள். தனி ஒருவரால் குழுவில் எதிர்த்துப் பேச முடியாது, குறைந்தது இரண்டு மூன்று பேர் வேண்டும். 2014-ல் ஃபெர்குசன், 2020-ல் மினியாபொலிஸ் என்று போலீஸ் கையில் கறுப்பினத்தவர் ஒருவர் இறந்த வாரத்தில் பிரசங்க மேடை மௌனமாக இருந்தால், பின் வரிசைகள் மெல்லக் காலியாகும். 2016 தேர்தலில் வெள்ளை இவாஞ்சலிக்கல் வாக்காளரில் சுமார் 81 சதவீதம் டிரம்புக்கு வாக்களித்தார்கள் என்று தெரிந்த பிறகும் பல குடும்பங்கள் சத்தமில்லாமல் வெளியேறின.

கேள்வி: இவர்களில் யாரைப் படித்தால் பயன்?

ஜான் பெர்கின்ஸிலிருந்து தொடங்குங்கள். மிசிசிப்பியில் 1930-ல் பிறந்த கறுப்பினத்தவர். 1946-ல் அண்ணனைப் போலீஸ் அதிகாரி சுட்டுக் கொன்றார். கலிஃபோர்னியாவில் மனந்திரும்பி, 1960-ல் மிசிசிப்பிக்கே திரும்பினார். 1970-ல் பிராண்டன் சிறையில் போலீசார் அவரைச் சாகும் நிலைக்கு அடித்தார்கள். ஏழைகள் மத்தியில் குடியேறுதல், ஒப்புரவாதல், வளங்களைப் பகிர்ந்தளித்தல் என்ற மூன்றையும் சேர்த்தே அவர் போதித்தார். மெண்டன்ஹாலிலும் ஜாக்சனிலும் அவருடைய ஊழியம் சுகாதார மையம், வீட்டுவசதி, மாணவர்களுக்கு மாலை வகுப்பு என்று விரிந்தது. வெள்ளையர் மாநாடுகள் அவரை அழைத்து ஒப்புரவைப் பற்றிப் பேசச் சொல்வது வழக்கமாக இருந்தது. வளங்களைப் பகிர்ந்தளித்தல் என்ற மூன்றாவதையும் சேர்த்துப் படியுங்கள்.